முதல் ரேஸ் கார் மொடல்: கொழும்பு ஈரக் காற்றில் பெயின்டும் டெக்காலும்

சாதாரண கார் மொடலுக்கும் ரேஸ் கார் மொடலுக்கும் உள்ள வித்தியாசம், மேலே ஒட்டியிருக்கும் இலக்கங்களும் விளம்பரங்களும்தான். கிட் எனும் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டுவது ஓரிரு மாலைகளில் கைக்கு வந்துவிடும். வேலையைக் கெடுப்பது பெயின்டும், அந்த இலக்கங்களையும் விளம்பரங்களையும் அச்சிட்ட, தண்ணீரில் நனைத்து ஒட்டும் படலமான டெக்காலும். வெளிநாட்டு விளக்கங்களில் வரும் காயும் நேரங்கள் பெரும்பாலும் உலர்ந்த குளிர்நாட்டுக்கானவை. வெள்ளவத்தையில் கடற்காற்று வரும் மேல்மாடி அறைக்கு அவை பொருந்தா. இங்கே தரும் அளவுகளும் நேரங்களும் கொழும்புக்கானவை.

எந்தக் கிட்டை வாங்குவது

1/24 அளவில் (உண்மைக் காரின் 24இல் ஒரு பங்கு) ஒரு ஜிடி கார், அதாவது வீதிக் கார் வடிவிலான ரேஸ் கார், ஏறத்தாழ 19 செ.மீ. நீளம் வரும், ஃபோர்முலா 1 கார்கள் பெரும்பாலும் 1/20 அளவில் கிடைக்கும். முதல் கிட்டுக்கு எஞ்சின் இல்லாத, மூடிய உடல் உள்ள, வெள்ளை நிறக் காரை எடுங்கள். ஜப்பானிய மொடல் நிறுவனமான டமியாவின் 1/24 கெஸ்ட்ரோல் டொம்ஸ் சுப்ரா நல்ல தெரிவு: உடல் முழுக்க வெள்ளை, பச்சையும் சிவப்பும் டெக்காலாகவே வந்துவிடும். ஃபோர்முலா 1தான் வேண்டுமென்றால் அவர்களுடைய 1/20 ஹொண்டா ஆர்ஏ272. 1965 மெக்சிக்கோ பந்தயத்தில் ரிச்சி கின்தர் ஓட்டி ஹொண்டாவுக்கு முதல் ஃபோர்முலா 1 வெற்றியைத் தந்த கார் அது. விளம்பரங்களே இல்லாத காலத்துக் கார் என்பதால் டெக்கால் குறைவு.

வெள்ளை என்று சொல்வதற்கு இரண்டு காரணங்கள். ஸ்பிரே டின்னை வெளிநாட்டிலிருந்து விமானத் தபாலில் எடுப்பிக்க முடியாது. அழுத்த வாயுவும் எரியும் திரவமும் தடைப்பட்ட சாமான்கள். ஆகவே கிட் பெட்டியில் எழுதியிருக்கும் அதே நிறம் கைக்கு வராமல் போகலாம். வெள்ளையோ பஞ்சிகாவத்தையில் கார் பெயின்ட் விற்கும் கடைகளில் எப்போதும் இருக்கும். மற்றது, டெக்காலில் உள்ள மஞ்சளும் சிவப்பும் முழுமையாக ஒளியை மறைப்பதில்லை. கறுப்பு உடலில் ஒட்டினால் மங்கிப்போகும், வெள்ளையில் அப்படியே நிற்கும்.

பழைய பந்தயக் கார்களை விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1988இல் 16 பந்தயங்களில் 15ஐ வென்ற மக்லாரன் எம்பி4/4 போன்றவற்றில் சிகரெட் விளம்பரம்தான் பிரதானம். இன்று விற்பனைக்கு வரும் கிட்டுகளில் அந்த எழுத்துகள் பெரும்பாலும் இருப்பதில்லை. தனியாக டெக்கால் தாள் வாங்க வேண்டும். வேறு நிறுவனம் அச்சடித்த தாள் என்றால் அது எந்தக் கிட்டுக்காக அளவெடுக்கப்பட்டது என்று பார்த்து வாங்குங்கள். ஒரே கார், ஒரே அளவு என்றாலும் இரண்டு நிறுவனங்களின் உடல் வளைவுகள் ஒன்றாயிரா.

மேசைக்கு வேண்டியவை

பிளாஸ்டிக் வெட்டும் சிறிய கட்டர் ஒன்று, 11ஆம் இலக்க பிளேட் ஐந்தாறு, நுனி தட்டையான சாமணம் ஒன்று, 6 மி.மீ., 18 மி.மீ. மாஸ்கிங் டேப் ஒவ்வொரு சுருள். நனைத்துத் தேய்க்கும் சாண்ட் பேப்பர் 400, 600, 1000, 2000 இலக்கங்களில் இரண்டிரண்டு தாள். பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் தாள் கணக்கில் வாங்கலாம். பிளேட்டும் சாமணமும் பஞ்சுக் குச்சியும் பாமசியிலேயே கிடைக்கும். தண்ணீர்போல் ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் பசை ஒரு போத்தல், சுப்பர் குளூ ஒன்று, பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளைப் பசை ஒன்று. டெக்காலுக்கு இரண்டு திரவங்கள்: ஒட்டும் இடத்தை ஈரமாக்கிப் பிடிப்பைக் கூட்டும் செட்டர், டெக்காலை இளக்கி வளைவில் படிய வைக்கும் சொஃப்டர். மைக்ரோஸ்கேல் நிறுவனத்தின் போத்தல்களில் நீல லேபல் முதல் வேலைக்கு, சிவப்பு லேபல் இரண்டாவதுக்கு. மாறிப் போனால் டெக்கால் இடத்தில் வைக்கும் முன்பே குழைந்துவிடும்.

ஸ்பிரே அடிக்கும்போது இரசாயன ஆவியை வடிகட்டும் காட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். துணி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும்.

வெட்டுவதும் தேய்ப்பதும்

பாகங்கள் இருக்கும் சட்டங்களை, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி விட்ட தண்ணீரில் கழுவி உலர விடுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் உரியும். பாகத்தை ஒரே வெட்டில் எடுக்காதீர்கள்; முதலில் 2 மி.மீ. தள்ளி வெட்டி, பிறகு மிச்சத்தைச் சீவுங்கள். ஒட்டிப்பிடித்து வெட்டினால் பிளாஸ்டிக் வெளிறிக் குழி விழும், அந்தக் குழி பெயின்டுக்குப் பிறகும் தெரியும். சில்லு வளைவுகளின் மேலும் கூரையோரத்திலும் மயிரிழை போல அச்சுக் கோடு ஓடும். 600ஆல் தேய்த்து 1000ஆல் மட்டம் செய்யுங்கள்.

பெயின்டுக்கு முன் உடலை அடித்தளத்தின் மேல் ஒருமுறை பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். சில்லு உடலில் உரசினால் இப்போதே சரிசெய்யலாம். டெக்கால் ஒட்டிய உடலை நெளிக்க யாருக்கும் மனம் வராது.

பெயின்ட்

கார் ஸ்பிரேயின் கரைப்பான் மொடல் பிளாஸ்டிக்குக்குச் சற்றுக் கடுமை. நேரடியாகக் கனமாக அடித்தால் மேற்பரப்பு சிலந்திவலை போல வெடிக்கும். பிளாஸ்டிக் பிரைமர் எனும் அடிப்பூச்சை 20 செ.மீ. தூரத்திலிருந்து தூறலாக இரண்டு முறை அடித்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் 15 நிமிடம் விடுங்கள். அதற்கும் முன் வெட்டி எறியும் சட்டத்துண்டில் ஒருமுறை அடித்துப் பார்ப்பது கட்டாயம்.

கொழும்பில் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். சீக்கிரம் காயும் வகையான லாக்கர் பெயின்டின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீராவி பெயின்டுக்குள்ளேயே படிந்து வெண்படலமாக உறைந்துவிடும். வெள்ளை உடலில் இது உடனே கண்ணுக்குப் படாது, பளபளப்புத்தான் செத்துப்போகும். நிறமற்ற மேற்பூச்சான கிளியர் அடிக்கும்போதோ பச்சை சிவப்பெல்லாம் பால் ஊற்றியதுபோல் ஆகிவிடும். மழையில்லாத நாளில் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் அடியுங்கள். விடிகாலையிலும் இரவிலும் ஈரப்பதன் உச்சத்தில் இருக்கும். ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழைக்கு முன் முடித்துவிட வேண்டும். ஏசி அறை இருந்தால் அடித்த மொடலைக் காய வைக்க மட்டும் பயன்படுத்துங்கள். மூடிய அறைக்குள் ஸ்பிரே அடிக்கக் கூடாது. வெண்படலம் விழுந்துவிட்டால் தேய்க்கத் தொடங்காதீர்கள். உலர்ந்த நாளொன்றில் அதே பெயின்டை மெல்லியதாக இன்னொரு முறை அடித்தால், கரைப்பான் மேற்பரப்பைத் திறந்து ஈரத்தை வெளியேற்றும். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

டின்னை வெந்நீரில் சூடாக்கச் சொல்லும் வெளிநாட்டு அறிவுரையை இங்கே விட்டுவிடலாம், 30 பாகை வெப்பத்தில் டின் தானே சூடாக இருக்கிறது. வெயிலில் மட்டும் வைக்காதீர்கள்.

வெள்ளையைத் தூறலாக இரண்டு, ஈரம் மினுங்கும்படி ஒன்று என மூன்று முறை அடித்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். லாக்கருக்கு மூன்று நாள், மெல்லக் காயும் எனாமல் பெயின்ட் என்றால் ஒரு கிழமைக்கு மேல். பெட்டியைத் திறந்து மணந்து பாருங்கள், பெயின்ட் வாசம் வந்தால் இன்னும் காயவில்லை. எனாமலின் மேல் லாக்கரை அடிக்கவே வேண்டாம். அடியிலிருப்பது சுருங்கி எழும்பும்.

டெக்கால்

டெக்காலுக்குப் பளபளப்பான மேற்பரப்பு வேண்டும். மங்கலான பெயின்ட் நுண்மையாகச் சொரசொரத்திருக்கும்; டெக்கால் மேடுகளில் மட்டும் தொட்டு, பள்ளங்களில் காற்று சிறைப்படும். எழுத்துகளைச் சுற்றி வெள்ளி மினுக்கம் தெரிவது இதனால்தான். ஆகவே வெள்ளையின் மேல் மெல்லிய கிளியர் ஒரு முறை அடித்துக் காய்ந்த பிறகே தொடங்குங்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள். தாளிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு டெக்காலை மட்டும் வெட்டி, அச்சைச் சுற்றியுள்ள நிறமற்ற ஓரத்தை முடிந்தவரை குறையுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் 10 முதல் 15 விநாடி அமிழ்த்தி எடுத்து, டிஷ்யூவின் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். தண்ணீரிலேயே மிதக்க விட்டால் அடியிலுள்ள பசை கரைந்துபோகும். ஒட்டும் இடத்தில் செட்டரைத் தூரிகையால் பூசி, தாளோடு கொண்டுபோய் வைத்து, டெக்காலைத் தாளிலிருந்து நகர்த்தி இறக்குங்கள். சாமணத்தால் டெக்காலைத் தூக்கக் கூடாது. சாமணம் தாளைத்தான் பிடிக்க வேண்டும். இடம் சரியானதும் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள். இழுத்தால் டெக்கால் கூடவே வரும்.

வளைவிலும் கதவுக் கோட்டிலும் படிய சொஃப்டர். மெல்லியதாகத் தொட்டு வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். முதல் சில நிமிடங்களில் டெக்கால் சுருங்கிக் கோணலாகும். பார்க்கப் பயமாக இருக்கும், தொட்டால் கிழியும். 20 நிமிடத்தில் தானே படிந்துவிடும். காய்ந்த பிறகு கதவுக் கோட்டின் மேல் புது பிளேட்டால் ஒரு கீறல் போட்டு மறுபடி சொஃப்டர் தொட்டால் கோட்டுக்குள் இறங்கிவிடும். தடித்த பழைய டெக்காலுக்கு வெந்நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒற்றலாம்.

பெரிய நிறப்பட்டைகளை முதலில், இலக்கங்களை அடுத்து, சிறு விளம்பரங்களைக் கடைசியில் ஒட்டுங்கள். ஒரு பக்கம் முடித்து ஓரிரு மணிநேரம் காய விட்டு மறுபக்கம் போனால் விரல் பட்டு நகர்வது குறையும். முன் விளக்கைச் சுற்றி வளையும் பெரிய டெக்கால் எப்படியும் மடிப்பு விழும். மடிப்பு விழும் இடத்தில் முன்கூட்டியே சிறு கீறல் போட்டு, ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற விட்டு, மிச்ச இடைவெளியை அதே நிறப் பெயின்டால் தொட்டு மறையுங்கள்.

தண்ணீரையும் கவனியுங்கள். கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி ஆற்றிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவது, அதில் தொல்லை இல்லை. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீரில் செய்வோருக்குக் காய்ந்த பின் வெள்ளை வளையம் நிற்கும். அவர்கள் பெற்றோல் செட்டில் விற்கும் பற்றரித் தண்ணீரைப் பாவிக்கலாம். தண்ணீரைத்தான் கேட்டு வாங்குங்கள், அசிட்டை அல்ல.

வருடக்கணக்காகக் கடையில் கிடந்த கிட் என்றால், ஒட்டத் தேவையில்லாத ஒரு துண்டை முதலில் நனைத்துப் பாருங்கள். சுக்குநூறானால் முழுத்தாளுக்கும் கிளியரைத் தூறலாக இரண்டு முறை அடித்துக் காய விட வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு டெக்காலையும் அச்சு ஓரமாகவே வெட்ட வேண்டிவரும், ஏனெனில் தாள் முழுக்க ஒரே படலமாகிவிட்டது. மஞ்சளித்த தாளைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் சில நாட்களில் வெளுக்கும்.

கிளியர்

டெக்கால் இரண்டு நாள் காய்ந்ததும் ஈரத்துணியால் பசைக் கறையைத் துடைத்தெடுங்கள். லாக்கர் கிளியர் டெக்காலை அரிக்கும் குணமுள்ளது. முதல் மூன்று முறையும் 25 செ.மீ. தள்ளி, மேற்பரப்பு நனையாத தூறலாக மட்டும் அடியுங்கள். அந்தத் தூறல் தடுப்பாகக் காய்ந்த பிறகுதான் ஈரமாக ஒன்று. முதல் அடியே ஈரமாக விழுந்தால் டெக்கால் சுருங்கும், அதற்கு மருந்து இல்லை. இரண்டு பொருள் கலக்கும் 2கே கிளியரின் கண்ணாடிப் பளபளப்பில் ஆசைப்பட வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்து. ஒரு கிழமைக்குப் பின் 2000 தாளால் தண்ணீரோடு மெல்லத் தேய்த்து, கார் கொம்பவுண்டால் மினுக்குங்கள். உடலின் கூர்மையான ஓரங்களைத் தொடாதீர்கள், அங்கேதான் பெயின்ட் மெல்லியது.

நுணுக்க வேலை

கதவு, பொனட் கோடுகளுக்கு எனாமல் வோஷ் (கோடுகளில் ஓட விடும் நீர்த்த பெயின்ட்) விடும்போது வெள்ளைக் காரில் கறுப்பு வேண்டாம், நடுத்தரச் சாம்பல் போதும். கறுப்பு விட்டால் விளையாட்டுச் சாமான் போலாகிவிடும். பெயின்ட் இல்லாத பிளாஸ்டிக்கில் வோஷ் தேங்கினால் பிளாஸ்டிக் நொறுங்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

சீற் பெல்ட்டுக்கு வெளிநாட்டுத் தொகுதி வாங்குவது விருப்பம். உண்மைப் பெல்ட் 75 மி.மீ. அகலம், 1/24இல் 3 மி.மீ. சற்று மேல். புறக்கோட்டைத் தையல் சாமான் கடைகளில் 3 மி.மீ. சாட்டின் ரிபன் மீற்றர் கணக்கில் கிடைக்கும். மினுக்கம் கூடினால் பின்பக்கத்தைத் திருப்பி ஒட்டுங்கள். கொக்கிகளை மட்டும் உலோகத் தகட்டில் வாங்கினால் போதும். பழைய இயர்ஃபோன் வயருக்குள் இருக்கும் மெல்லிய இழைகள் எஞ்சின் வயர்களுக்குப் பொருந்தும். கார்பன் ஃபைபர் நெசவுபோல் அச்சிட்ட டெக்கால் வாங்கினால் மிக நுண்ணிய நெசவையே எடுங்கள். கண்ணுக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும் நெசவு 1/24இல் பாய் போலிருக்கும்.

ரயரின் நடுவில் ஓடும் அச்சுக் கோட்டை 400 தாளால் தேய்த்தெடுங்கள். ஓடிய ரயரின் மங்கலும் அதிலேயே வந்துவிடும். கண்ணாடிகளை வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். சுப்பர் குளூவின் ஆவி ஈரக் காற்றில் கண்ணாடி மேல் வெள்ளையாகப் படியும், இங்கே அது இன்னும் வேகம். சில்லுகளை ஒட்டும்போது காரை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்தி நான்கும் தரை தொடுகின்றனவா என்று பார்த்துப் பசை காயும் வரை அப்படியே விடுங்கள்.

காட்சிப் பெட்டியில் வைக்கும்போது ரயர் நேரே பிளாஸ்டிக் தளத்தில் படக் கூடாது. மென்மையான வைனில் ரயரிலிருந்து கசியும் எண்ணெய்த்தன்மை மாதக்கணக்கில் பிளாஸ்டிக்கை இளக்கித் தழும்பு விடும். சில்லுகளின் கீழ் அலுமினியத் தாளை 1 செ.மீ. சதுரமாக வெட்டி வையுங்கள். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அதை மாற்றுங்கள்.