ஹோம் டூரும் கேக் விற்பனையும்: கார்டன் கிளப் ஆட்களுக்கு ஒரு வேலைக் குறிப்பு

யூடியூப்பில் "வாங்க, நம்ம வீட்டைச் சுத்திக் காட்டுறேன்" என்று வருமே, அந்த ஹோம் டூர் இல்லை இது. ஆண்டு இறுதிப் பண்டிகைக் காலத்தில் கிளப் உறுப்பினர்கள் நாலைந்து பேர் தங்கள் வீட்டைச் செடியும் இலையும் பூவுமாக அலங்கரித்துத் திறந்துவிடுவார்கள், மற்றவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார்கள், பக்கத்திலேயே உறுப்பினர்கள் வீட்டில் செய்த கேக், பிஸ்கட் விற்பனை நடக்கும், வருகிற பணம் கிளப்பின் தோட்ட வேலைகளுக்குப் போகும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! நானும் அப்படி நினைத்துத்தான் முதல் வருடம் மூன்று வீட்டுக்கு முன்னூறு டிக்கெட் விற்றேன். மூன்றாவது வீட்டின் மாடிப்படி ஒரு ஆள் அகலம். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் நடுப்படியில் மாட்டிக்கொள்ள, வரிசை தெருமுனை வரை போய்விட்டது. வீட்டுக்காரம்மா சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. அடுத்த வருடம் அவர் வீடு தரவில்லை, கேட்கவும் எனக்கு முகம் இல்லை.

அதனால் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். எத்தனை டிக்கெட் விற்கலாம் என்பதை முடிவு செய்வது, இருக்கும் வீடுகளிலேயே சின்ன வீட்டின் குறுகலான வழி. கிளப் நண்பர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள், நிதானமாக நின்று பார்த்தபடி ஒரு சுற்று நடந்து, கடிகாரத்தைப் பாருங்கள். 15 நிமிடம் ஆகிறது, ஒரு நேரத்தில் 12 பேருக்கு மேல் உள்ளே நின்றால் மூச்சு முட்டும் என்று வைத்துக்கொள்வோம். காலை 10 முதல் மாலை 4 வரை ஆறு மணி நேரம், மணிக்கு நாலு பேட்ச், ஆக 24 பேட்ச், 288 பேர். இது காகிதக் கணக்கு. உண்மையில் காலையில் முதல் அரைமணி காலியாக இருக்கும், சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் குறையும், கடைசி ஒரு மணி நேரத்தில் எல்லோரும் மொத்தமாக வந்து நிற்பார்கள். நாலில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, 210 டிக்கெட்டோடு நிறுத்துங்கள். பொருளாளர் முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

அடுத்த சிக்கல், வரைபடத்தில் 1 என்று போட்ட வீட்டுக்குத்தான் எல்லோரும் முதலில் போவார்கள். காலை பத்து மணிக்கு அங்கே திருவிழா, நாலாவது வீட்டில் ஈ ஓட்டுவார்கள். இதற்கு ஒரு எளிய வழி, டிக்கெட்டை வீட்டுக்கு ஒரு நிறமாக அச்சடிப்பதுதான். மஞ்சள் டிக்கெட்காரர்கள் முதல் வீட்டில் தொடங்கட்டும், பச்சைக்காரர்கள் இரண்டாவதில், இப்படி. டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே வழியும் நேரமும் இருந்தால் தனியாகத் துண்டுச் சீட்டு தேவையில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் டிக்கெட்டின் ஓரத்தில் ஒரு துளை போட்டு அனுப்பினால் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கும் கையில் இருக்கும், அடுத்த வருடத்துக்கு உதவும்.

வீடு கேட்பதை ஆறு மாதம் முன்பே செய்துவிடுங்கள். கேட்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது நல்லது: எத்தனை பேர் வருவார்கள், எந்தெந்த அறை திறந்திருக்கும், படம் எடுக்கலாமா கூடாதா, கழிப்பறையை யாருக்கும் தரமாட்டோம், ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு. கடைசியாகச் சொன்னதற்குக் காப்பீடு தேவைப்படலாம், வீட்டுக்காரரின் காப்பீட்டில் பொதுமக்கள் வந்து போவது அடங்குமா என்று அவரையே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கிளப் பெயரில் ஒரு நாளுக்கு மட்டும் எடுக்க முடியுமா என்று நீங்களும் விசாரியுங்கள். பேசியதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நட்புக்குள் எதற்கு எழுத்து என்று தோன்றும், ஆனால் நட்பு கெடாமல் இருக்கவே எழுத்து.

முதல் நாள் மாலை வீட்டுக்காரரோடு ஒரு முறை வீட்டைச் சுற்றி வாருங்கள், பார்க்க வருகிறவரின் கண்ணோடு. மாத்திரை டப்பா, நகை, சாவி, மேசை மேல் கிடக்கும் வங்கிக் கடிதம், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் குழந்தையின் பள்ளி விவரம் எல்லாம் மூடும் அறைக்குப் போக வேண்டும். மூடிய கதவு என்றால் தள்ளிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கதவுக்குக் குறுக்கே ஒரு ரிப்பன் கட்டிவிட்டால் போதும், ஏனோ ரிப்பனைத் தாண்ட யாருக்கும் மனசு வராது. நாய், பூனை அன்றைக்கு வேறு வீட்டில் இருக்கட்டும். தரைவிரிப்பு ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். சக்கர நாற்காலி எந்த வீட்டுக்குள் போகும், எதற்குள் போகாது என்பதை டிக்கெட்டிலேயே அச்சடித்துவிடுங்கள், வாசல் வரை வரவழைத்துச் சொல்வது அநியாயம்.

சரி, இப்போது செடிகள். வீட்டு அலங்காரம் யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஒரு கார்டன் கிளப் செய்யும்போது வித்தியாசம் தெரிய வேண்டாமா? பிளாஸ்டிக் இலைக்கு இங்கே இடமில்லை என்பது என் கட்சி. அமரில்லிஸ் (நீண்ட தண்டில் பெரிய பூ விடும் செடி) கிழங்கு நட்டதிலிருந்து பூக்க ஆறு முதல் எட்டு வாரம் எடுக்கும், அதனால் நிகழ்ச்சித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒரு வார இடைவெளியில் மூன்று தவணையாக நடுங்கள், எப்படியும் ஒன்று சரியான நாளில் விரியும். பேப்பர்வைட் நார்சிசஸ் என்ற வெள்ளைப் பூக் கிழங்கு நாலு முதல் ஆறு வாரத்தில் வந்துவிடும், ஆனால் அதன் வாசனை சிலருக்குத் தலைவலி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், கேக் மேசை பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

பாய்ன்செட்டியா இல்லாமல் கிறிஸ்துமஸ் சமயத்தில் அலங்காரம் முடியாது. அதில் சிவப்பாக இருப்பது இதழ் இல்லை, நிறம் மாறிய இலைதான், உண்மையான பூ நடுவில் சின்னச் சின்ன மஞ்சள் மொட்டாக இருக்கும். வாங்கும்போது அந்த மஞ்சளைப் பாருங்கள். இன்னும் விரியாமல் இறுக்கமாக இருந்தால் செடி புதிது, விரிந்து மகரந்தம் கொட்டியிருந்தால் அதற்கு வயதாகிவிட்டது, விலை குறைவு என்று எடுத்தால் நிகழ்ச்சிக்குள் இலை உதிரும். தொட்டியைச் சுற்றி மினுமினுவென்று ஒரு தாள் சுற்றித் தருவார்களே, அதன் அடியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும், துளை போடுங்கள் அல்லது கழற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். 10 டிகிரிக்குக் கீழே குளிர் பட்டால் இந்தச் செடிக்கு ஆகாது, வண்டியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுபோகும் அந்த ஐந்து நிமிடத்துக்கும் மூடிக் கொண்டுபோங்கள்.

பைன், தேவதாரு மாதிரி பச்சைக் கிளைகளை வெட்டியவுடன் கட்டிவிடாதீர்கள். அடியில் ஒரு அங்குலம் புதிதாக வெட்டி, ஒரு இரவு முழுக்கக் குளிர்ந்த இடத்தில் வாளித் தண்ணீரில் நிறுத்திவிட்டு மறுநாள் எடுத்தால், வீட்டுக்குள் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். கதவில் மாட்டும் இலைவளையத்துக்கும் இதே கதைதான் (மலர்வளையம் என்று சொல்லிப் பழகாதீர்கள், கேட்கிறவர் யார் போனார்கள் என்று விசாரிப்பார்). காய்ந்த பைன் தீக்குச்சி மாதிரி எரியும், அதனால் நிஜ மெழுகுவர்த்தி எந்த வீட்டிலும் வேண்டாம், பேட்டரி விளக்கே போதும். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் செருகி நீட்டுவதையும் அனுமதிக்காதீர்கள்.

ஒரு நுணுக்கம் சொல்கிறேன், இதைப் பலர் கவனிப்பதில்லை. அலங்காரத்துக்கு ஒரு பெரிய கிண்ணத்தில் ஆப்பிள் அடுக்கி, பக்கத்தில் கார்னேஷன் பூ வைப்பது பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் பழுத்த ஆப்பிள் எத்திலீன் என்ற, பழங்களைப் பழுக்க வைக்கும் வாயுவை வெளியிடும், கார்னேஷன் அதைத் தாங்காது, காலையில் நிமிர்ந்து நின்ற பூ சீக்கிரமே தூங்கி வழியும். ஒரு வருடம் எங்கள் கிளப்பில் இந்தப் பூவுக்காகக் கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்த பிறகுதான் குற்றவாளி கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது. அப்புறம், லில்லி. பூனை இருக்கும் வீட்டில் லில்லியை உள்ளேயே எடுக்காதீர்கள், மகரந்தத்தை நக்கினால்கூட அதன் சிறுநீரகம் கெட்டுவிடும். அன்றைக்குப் பூனை வேறு வீட்டில் இருந்தாலும் மகரந்தம் சோபாவில் காத்திருக்கும். கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு வைக்கும் ஹாலி, மிஸில்டோ கிளைகளின் பழங்கள் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், சிவப்பும் வெள்ளையுமாக மிட்டாய் மாதிரி இருக்கும், ஆனால் தின்னக் கூடாதவை.

தன்னார்வலர்கள் அறைக்கு ஒருவர் வேண்டும், வாசலில் இருவர், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்று ஆள். அறையில் நிற்கிறவருக்கு அந்த அறையில் உள்ள செடிகளின் பெயர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். "இது என்ன செடிங்க?" என்று கேட்டு "தெரியலையே" என்று பதில் வந்தால் நாம் எதற்குக் கார்டன் கிளப்? ஒரு சின்ன அட்டையில் பெயரும், எப்போது நட்டது, வெயில் எவ்வளவு என்ற இரண்டு வரியும் எழுதித் தொட்டியில் செருகிவிட்டால் பாதி வேலை குறையும்.

கேக் விற்பனையை எங்கே வைப்பது என்பதில் எல்லாக் கிளப்பிலும் சண்டை வரும். வீடுகளில் ஒன்றில் வைக்காதீர்கள் என்பதுதான் என் தீர்ப்பு. கையில் கேக்கோடு அடுத்த வீட்டுத் தரைவிரிப்பில் நடப்பார்கள், கிரீம் விழும். வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், டிக்கெட் கொடுக்கும் மேசையை ஒட்டி வையுங்கள். வரும்போதே பார்ப்பார்கள், பிடித்ததைப் பணம் கட்டி எடுத்து வைக்கச் சொல்லிப் பெயர்ச் சீட்டு ஒட்டிவிட்டு, போகும்போது வாங்கிக்கொள்வார்கள். இந்த "எடுத்து வைக்கிறோம்" என்ற ஒரு வசதியில் எங்கள் முழு கேக்குகள் மதியத்துக்கு முன்பே முடிந்துவிடுகின்றன.

எதைச் செய்வது? எல்லோரும் சாக்லேட் கேக் கொண்டுவந்து நிற்கும் ஆபத்து இருக்கிறது, அதனால் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் போட்டு யார் என்ன, எத்தனை பாக்கெட் என்று பெயர் எழுத வையுங்கள். 210 பேர் வருவார்கள், பாதிப் பேர் ஆளுக்கு ஒன்று வாங்கினாலும் நூறு பாக்கெட் தேவை. முழு கேக் பத்துப் பதினைந்து போதும், மீதி எல்லாம் ஆறு பிஸ்கட், நாலு துண்டு என்று சின்னப் பாக்கெட். பழக் கேக்கை ஒரு மாதம் முன்பே செய்து வைக்கலாம், வைத்திருக்க வைத்திருக்கத்தான் ருசி கூடும். சாதாரண கேக்கையும் ஐசிங் போடாமல் இறுக்கமாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டு முதல் நாள் எடுத்துக்கொள்ளலாம். பாக்கெட்டில் போடும் முன் முழுசாக ஆற வேண்டும், வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடினால் உள்ளே வியர்த்து, மொறுமொறு பிஸ்கட் ரொட்டி மாதிரி ஆகிவிடும். என் முதல் தொகுதி அப்படித்தான் போனது, நாற்பது பிஸ்கட்.

கஸ்டர்ட், அடித்த கிரீம், சீஸ்கேக், கிரீம் சீஸ் ஐசிங் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். இப்படிக் கெட்டுப்போகக்கூடிய பண்டங்களில் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க முடியாது, நமக்கோ ஆறு மணி நேர விற்பனை. பச்சை முட்டை வெள்ளைக்கருவில் ஐசிங் செய்கிறவர்களையும் பாஸ்சுரைஸ் செய்ததையோ (கிருமி சாகும்படி இளஞ்சூடாக்கியது) மெரிங்க் பொடியையோ (உலர்த்திய வெள்ளைக்கருப் பொடி) பயன்படுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று முழுசாக எழுத வேண்டும்: கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை, மற்ற பருப்பு வகைகள், எள், சோயா. "ருசியான கேக், அன்புடன்" என்று மட்டும் எழுதி ஒருவர் கொண்டுவந்தார், அன்பு அலர்ஜியைத் தடுக்காது என்று சொல்லி மறுபடி எழுத வைத்தோம். கடலை, பருப்பு சேர்ந்தவை மேசையின் ஒரு முனையில் தனியாக, அதற்கென்று தனி இடுக்கியோடு இருக்கட்டும். வீட்டில் செய்த உணவை விற்க அனுமதி வாங்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

விலையை முழு எண்ணாக, இரண்டே அளவாக வையுங்கள், சின்னப் பாக்கெட்டுக்கு ஒன்று, முழு கேக்குக்கு ஒன்று. பணப்பெட்டியில் காலையிலேயே சில்லறை நிறைய இருக்க வேண்டும், அதை எண்ணி எழுதிக் கையெழுத்துப் போட இரண்டு பேர். எந்தப் பணம் கேக்கில் வந்தது, எது டிக்கெட்டில் வந்தது என்று கலந்துவிடாமல் இரண்டு பெட்டி.

நாலு மணிக்குக் கதவை மூடியதும் எல்லோருக்கும் உட்காரத் தோன்றும். உட்காராதீர்கள். முதல் நாள் மாலை சுற்றி வந்த அதே வரிசையில் வீட்டுக்காரரோடு இன்னொரு சுற்று போய், நகர்த்திய நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டு, டேப்பை உரித்து, துடைத்துவிட்டு வாருங்கள். நல்ல பாய்ன்செட்டியா ஒன்றையும் முழு கேக் ஒன்றையும் அவருக்கென்று காலையிலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும், மிஞ்சினதைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. தட்டுகளின் அடியில் பெயர் ஒட்டியிருந்தால் யார் தட்டு யாரிடம் என்ற பஞ்சாயத்து இருக்காது. என்னிடம் மூடியில்லாத கண்ணாடிப் பாத்திரம் ஒன்று மூன்று வருடமாக இருக்கிறது, யாருடையது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.