ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்: புதிதாக வருபவர்கள் எங்கே தொடங்குவது?

இந்த கேமுக்குள் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எதை அடித்தால் சீக்கிரம் லெவல் ஏறும்? என்னைக் கேட்டால் முதலில் அடிதடியையே யோசிக்க வேண்டாம் என்பேன். ஆரம்ப லெவல்களை குவெஸ்டுகள் (கேமில் வரும் ஆட்கள் நமக்குத் தரும் வேலைகள்) கிட்டத்தட்ட சும்மாவே தூக்கிக் கொடுக்கின்றன. அதைத் தெரிந்துகொள்ளாமல் கோழியையும் மாட்டையும் மணிக்கணக்கில் அடித்துவிட்டு, போர் அடிக்கிறது என்று கேமையே விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். இதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. 2007 ஆகஸ்ட் மாத பேக்கப்பை எடுத்து ஜாகெக்ஸ் (Jagex) நிறுவனம் 2013இல் திரும்பக் கொண்டுவந்த கேம் இது, அதனால் அடுத்து எங்கே போகணும் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் பழக்கம் இதற்கு அவ்வளவாகக் கிடையாது.

கீழே சொல்வது எல்லாமே பணம் கட்டாமல் விளையாடும் இலவச உலகங்களுக்கு (சர்வர்களுக்கு) பொருந்தும்.

முதலில் எக்ஸ்பி கணக்கு

எந்த ஸ்கில்லிலும் (திறனிலும்) 2வது லெவலுக்கு 83 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) போதும். 10வது லெவலுக்கு 1,154. 99வது லெவலுக்கு 1,30,34,431. சுமார் ஏழு லெவலுக்கு ஒரு முறை தேவை இரட்டிப்பாகிக்கொண்டே போகும், அதனால் 92வது லெவலைத் தொடும்போதுதான் 99க்கான பாதி வழியைத் தாண்டியிருப்பீர்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு குவெஸ்ட் தரும் எக்ஸ்பி எப்போது செய்தாலும் அதே அளவுதான். முதல் லெவலில் வாங்கினால் இருபது லெவல் தாவலாம், அறுபதில் வாங்கினால் ஒரு லெவல்கூட ஏறாது. அதனால் எக்ஸ்பி தரும் குவெஸ்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 1: லம்பிரிட்ஜை விட்டு உடனே கிளம்பாதீர்கள்

கேமைக் கற்றுத்தரும் டுடோரியல் தீவு முடிந்ததும் லம்பிரிட்ஜ் கோட்டையில் வந்து நிற்பீர்கள். தீவுக்குத் திரும்பிப் போக முடியாது, போகத் தேவையும் இல்லை. கோட்டையின் மேல்மாடியில் பேங்க் இருக்கிறது, கீழே சமையலறையில் ஒரு சமையல்காரர் கவலையோடு நிற்பார். அவரிடம் பேசினால் 'குக்ஸ் அசிஸ்டன்ட்' குவெஸ்ட் தொடங்கும். ஒரு முட்டை, ஒரு வாளி பால், ஒரு பானை மாவு, இவ்வளவுதான் கேட்பார். முட்டை கோழிப்பண்ணையில் தரையிலேயே கிடக்கும். பாலுக்கு வாளியோடு கறவை மாட்டைக் கிளிக் செய்தால் போதும். மாவில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள்: வடக்கே காற்றாலைக்குப் பக்கத்து வயலில் கோதுமை பறித்து, காற்றாலையின் உச்சி மாடிக்கு ஏறி அங்கிருக்கும் பெட்டியில் போட்டு, லீவரை இழுத்து, அப்புறம் கீழே இறங்கி வந்து காலிப் பானையில் பிடிக்க வேண்டும். லீவரை இழுக்காமல் கீழே வந்தால் மாவு இருக்காது.

முடித்தால் 300 சமையல் எக்ஸ்பி கிடைக்கும். அதைவிட முக்கியம், அந்தச் சமையலறை அடுப்பை இனி நீங்களும் பயன்படுத்தலாம். சில உணவுகள் அதில் கொஞ்சம் குறைவாகவே கருகும், ஆரம்பத்தில் அது பெரிய விஷயம்.

போகிற வழியிலேயே ஃபிரெட்டின் பண்ணையில் 'ஷீப் ஷியரர்' குவெஸ்டையும் முடித்துவிடுங்கள். இருபது ஆட்டு மயிரைக் கத்தரித்து, கோட்டையில் இருக்கும் ராட்டையில் நூலாக்கிக் கொடுத்தால் 150 கிராஃப்டிங் (கைவினை) எக்ஸ்பி. தேவாலயத்தில் ஃபாதர் ஏரெக்கிடம் தொடங்கும் 'தி ரெஸ்ட்லெஸ் கோஸ்ட்' குவெஸ்டுக்கு அங்கேயும் இங்கேயும் நடந்தால் போதும், பிரேயர் (பிரார்த்தனை) ஸ்கில்லில் 1,125 எக்ஸ்பி வரும், அது ஒரே தாவலில் 9வது லெவல். மண்டை ஓட்டை எடுக்கும்போது ஒரு எலும்புக்கூடு கிளம்பி வரும், சண்டை போடாமல் நடையைக் கட்டுங்கள்.

படி 2: மாட்டுத் தொழுவம், ஆனால் அட்டாக் வேண்டாம்

ஆற்றைத் தாண்டி வடகிழக்கே போனால் மாட்டுத் தொழுவம். இப்போது அடிக்கலாம். ஆனால் அடிக்கும் முன் சண்டைக்கான டேபைத் திறந்து பாருங்கள். 'அக்யூரேட்' என்று இருந்தால் அட்டாக் ஏறும், 'அக்ரெசிவ்' ஸ்ட்ரெங்த், 'டிஃபென்சிவ்' டிஃபென்ஸ். தானாக எல்லாமே ஏறும் என்று நினைத்து ஒரே பட்டனில் விட்டுவிடுவது சகஜம்.

என் ஆலோசனை: இங்கே 'அக்ரெசிவ்' வையுங்கள், அட்டாக்கை விட்டுவிடுங்கள். ஒரு மாட்டுக்கு உயிர் 8, நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் 4 எக்ஸ்பி, ஆக ஒரு மாட்டுக்கு 32. 'வேம்பயர் ஸ்லேயர்' என்று ஒரு குவெஸ்ட் இருக்கிறது, அது தருவது 4,825 அட்டாக் எக்ஸ்பி. அதே எக்ஸ்பியை இங்கே சம்பாதிக்க 151 மாடுகள் வேண்டும். குவெஸ்ட் முடிந்ததும் அட்டாக் நேரே 20, அதாவது மித்ரில் வாளைக் கையில் எடுக்கலாம்.

இன்னொன்று, செத்த மாட்டை அப்படியே விட்டுவிட்டு அடுத்த மாட்டுக்கு ஓடாதீர்கள். எலும்பைப் புதைத்தால் பிரேயருக்கு 4.5 எக்ஸ்பி, இறைச்சி சமையலுக்கு, தோல் கிராஃப்டிங்குக்கு. ஒரே இடத்தில் நான்கு ஸ்கில் ஏறுகிறது, இந்த வேகத்தில் ஆரம்பத்தில் வேறு எங்கும் ஏறாது.

படி 3: தோலைக் காசாக்குவதா, லெவலாக்குவதா?

தொழுவத்துக்குத் தெற்கே அல் கரிட் நகரத்தின் சுங்க வாசல், 10 காசு கேட்பார்கள். கையில் இல்லாவிட்டால் பக்கத்தில் திரியும் கோப்ளின்களை அடித்தால் சீக்கிரமே தேறிவிடும். உள்ளே போனால் எல்லிஸ் என்ற தோல் பதனிடுபவர் ஒரு காசுக்கு ஒரு தோலை மெல்லிய லெதராக மாற்றித் தருவார். டொம்மிக்கின் கடையில் ஊசியும் நூலும் வாங்கிக்கொள்ளுங்கள். பேங்கும் இங்கேயே இருப்பதால் லம்பிரிட்ஜ் மாடிப்படி ஏற வேண்டிய வேலை மிச்சம்.

பையில் 28 இடம்தான். ஊசிக்கு ஒன்று, நூலுக்கு ஒன்று போக 26 லெதர். கையுறை ஒன்றுக்கு 13.8 எக்ஸ்பி, ஒன்றுமே இல்லாமல் தொடங்கினால் 48 கையுறையில் 7வது லெவல் வந்துவிடும், அதாவது இரண்டு நடை. ஆட்டு மயிர் குவெஸ்டை முன்பே முடித்திருந்தால் இன்னும் குறையும். 7இல் பூட்ஸ், 9இல் தலைக்கவசம், 11இல் மணிக்கட்டுக் காப்பு, 14இல் மேலாடை, 18இல் கால்சராய். ஒவ்வொரு லெவலிலும் செய்ய முடிகிற பெரிய பொருளுக்கு மாறிக்கொண்டே இருங்கள், கையுறையையே தைத்துக்கொண்டு உட்காராதீர்கள். செய்த பொருள் பெரிய விலைக்குப் போகாது, அதை எதிர்பார்க்கவே வேண்டாம்.

பணம்தான் வேண்டும் என்றால் தோலைத் தைக்காமல் சேர்த்து வைத்து வேரொக் நகரத்தின் வடமேற்கில் இருக்கும் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச் சந்தையில் விற்கலாம். ஆனால் புதுக் கணக்குகளுக்குச் சில பொருட்களில் தடை உண்டு. 20 மணி நேர விளையாட்டு, 10 குவெஸ்ட் பாயிண்ட், மொத்தம் 100 லெவல் ஆனதும் அது நீங்கும். 'ரோமியோ அண்ட் ஜூலியட்' குவெஸ்டில் மட்டும் 5 பாயிண்ட் கிடைக்கிறது, அதைச் சீக்கிரம் முடிப்பது நல்லது.

படி 4: ஊரைச் சுற்றுதல்

மினிமேப்பில் மஞ்சள் புள்ளி என்றால் கேமின் ஆட்கள், மிருகங்கள்; வெள்ளை மற்ற விளையாட்டாளர்கள்; சிவப்பு தரையில் கிடக்கும் பொருள். பேங்குக்கு ஒரு காசு குறி, குவெஸ்டுக்கு நீலக் குறி. இவ்வளவு தெரிந்தால் வழி தவற மாட்டீர்கள். கனமான பொருள் பையில் இருந்தால் ஓடும் சக்தி சீக்கிரம் தீரும், அதனால் தூரப் பயணத்துக்கு முன் பேங்கில் இறக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

லம்பிரிட்ஜிலிருந்து வேரொக்குக்கு நடக்கும்போது தெற்கு வாசலுக்கு வெளியே ஒரு கல்வட்டம் வரும். அங்கே நிற்கும் கறுப்பு அங்கி மந்திரவாதிகள் சும்மா போகிறவரையும் அடிப்பார்கள். பொதுவாக ஒரு அரக்கனின் லெவலைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் உங்கள் சண்டை லெவல் ஏறினால்தான் அது உங்களைச் சீண்டாது. அந்த மந்திரவாதிகளில் சிலருக்கு லெவல் 20, அப்படியானால் நீங்கள் 41 ஆகும்வரை சுற்றிப் போவதே புத்தி.

பார்பேரியன் கிராமத்தின் நடுவில் ஒரு பள்ளம் தெரியும், அதுதான் ஸ்ட்ராங்ஹோல்டு ஆஃப் செக்யூரிட்டி. நான்கு தளம். கதவுக்குக் கதவு கணக்குப் பாதுகாப்பைப் பற்றிக் கேள்வி கேட்கும். முதல் மூன்று தளங்களில் 2,000, 3,000, 5,000 என்று மொத்தம் 10,000 காசு, கடைசியில் ஒரு ஜோடி பூட்ஸ். சமைத்த உணவைப் பை நிறைய எடுத்துக்கொண்டு, யாரையும் அடிக்காமல் ஓடினால் சின்ன லெவலிலும் சமாளிக்கலாம். இந்தப் பணத்தில்தான் முதல் நல்ல வாளும் கவசமும் வாங்க வேண்டும்.

படி 5: கொல்லர் வேலையில் (ஸ்மிதிங்) ஒரு குறுக்கு வழி

வெண்கலக் கட்டி ஒன்று உருக்கினால் 6.2 ஸ்மிதிங் எக்ஸ்பி. 'தி நைட்ஸ் ஸ்வோர்ட்' குவெஸ்ட் ஒரே அடியில் 12,725 தருகிறது, 2,000 கட்டிக்கும் மேல். ஸ்மிதிங் 1இலிருந்து நேரே 29. தேவை மைனிங் (தாது வெட்டும் ஸ்கில்) 10 மட்டும். அதற்கும் வழி இருக்கிறது: ஃபேலடர் நகரத்துக்கு வடக்கே இருக்கும் டோரிக் என்பவரின் குவெஸ்டில் அவருக்கு 6 களிமண், 4 செம்புத் தாது, 2 இரும்புத் தாது கொடுத்தால் 1,300 மைனிங் எக்ஸ்பி, அது சரியாக 10வது லெவலைத் தாண்டிவிடும். இரும்பை நீங்களே வெட்ட மைனிங் 15 வேண்டும், அதனால் அந்த இரண்டை மட்டும் விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

வாள் குவெஸ்டில் ஒரே ஆபத்து, புளூரைட் தாது இருக்கும் பனிக்குகை. அங்கே உலவும் ஐஸ் ஜெயண்டுக்கு லெவல் 53, ஐஸ் வாரியருக்கு 57. பிக்காக்ஸும் உணவும் மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், விலையுள்ளது எதுவும் கையில் வேண்டாம். பாறையை அடித்துத் தாது கிடைத்த மறுநொடி வெளியே ஓடி வந்துவிடுங்கள். செத்தாலும் விலை அதிகமான மூன்று பொருள் உங்களோடு இருக்கும், மற்றவை கல்லறையில் 15 நிமிடம் காத்திருக்கும்.

கடைசியாக ஏமாற்றுப் பேர்வழிகள். உங்கள் காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன், கவசத்துக்குத் தங்க ஓரம் வைத்துத் தருகிறேன் என்று வருவார்கள். அப்படி ஒரு வேலையே இந்த கேமில் இல்லை. 'வா, இலவசமாகச் சாமான் தருகிறேன்' என்று எட்ஜ்வில்லுக்கு வடக்கே இருக்கும் பள்ளத்தைத் தாண்டச் சொன்னால் தாண்டாதீர்கள், அந்தப் பக்கம் வைல்டர்னஸ், அங்கே மற்ற விளையாட்டாளர்களே உங்களைக் கொல்லலாம். பேங்குக்கு நான்கு இலக்கப் பின் எண்ணை இன்றைக்கே வைத்துவிடுங்கள், எந்த பேங்க் ஊழியரிடம் பேசினாலும் அதற்கான தேர்வு வரும்.