குறி தப்பாத ஆயுதம்: போர்ச் செய்தி படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட அந்த நான்கு நாள்களில், பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையின் தொலைக்காட்சி நள்ளிரவு வரை அணையவில்லை. மே 8 இரவு, கராச்சித் துறைமுகம் தாக்கி அழிக்கப்பட்டதாகச் சில அலைவரிசைகள் அறிவித்தன. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. கணினி விளையாட்டிலிருந்து எடுத்த காட்சிகள், எல்லையின் இரு பக்கத்திலும் உண்மையான தாக்குதல் காணொளிகளாகக் கைமாறின. கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பாடத்தின் நடுவே ஒரு மாணவர் எழுந்து, "சார், நம்ம ஏவுகணை ஜன்னல் வழியாப் போயி அடிக்குமாம்லா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் ஆர்வமும் பெருமையும் இருந்தன. ஒரு பாடவேளைக்குள் அதற்கு நேர்மையாக விடை சொல்ல என்னால் முடியவில்லை.

"குறி தப்பாது" என்ற இரண்டு சொற்களுக்குள் மூன்று தனிக் கேள்விகள் புதைந்திருக்கின்றன. தனக்குச் சொல்லப்பட்ட புள்ளியில் ஆயுதம் விழுந்ததா என்பது முதற்கேள்வி, அது பொறியியல். அந்தப் புள்ளி சரியான புள்ளிதானா என்பது இரண்டாவது; அது உளவு பார்த்தவரின் பொறுப்பு. விழுந்தபின் நேர்ந்ததாகச் சொல்லப்படுவது உண்மையில் நேர்ந்ததா என்பது மூன்றாவது. அதற்குச் சாட்சி வேண்டும். போர்ப் பரப்புரை முதற்கேள்விக்கான படத்தைக் காட்டிவிட்டு, மற்ற இரண்டுக்கும் நம் ஒப்புதலை வாங்கிக்கொண்டு போகிறது. நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்திலிருந்தே கிளைக்கின்றன.

அளவைத் தவறாகப் படிப்பது

"ஐந்து மீட்டர் துல்லியம்" என்று ஒரு குண்டைப் பற்றி எழுதினால், அது ஐந்து மீட்டருக்கு அப்பால் விழவே விழாது என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆயுதத் துறையில் அந்த எண்ணுக்குப் பொருள் வேறு. ஒரே இலக்கை நோக்கிப் பல குண்டுகளை வீசினால், அவற்றில் பாதி எந்த வட்டத்துக்குள் விழுமோ அந்த வட்டத்தின் ஆரமே அது. மீதிப் பாதி வட்டத்துக்கு வெளியே விழும். எவ்வளவு வெளியே என்பதை அந்த எண் சொல்வதில்லை. கம்பங்கொல்லையில் பரண்மேல் நின்று கவண் வீசுபவரின் பத்துக் கற்களில் ஐந்து, கிளி இருக்கும் கதிரைச் சுற்றி விழுந்தாலே அவரைக் கைதேர்ந்தவர் என்போம். மற்ற ஐந்து கற்கள் எங்கே போயின என்பது பக்கத்துக் கொல்லைக்காரருக்குத்தான் தெரியும்.

சாதாரணக் குண்டின் வாலில் ஜி.பி.எஸ். கருவி பொருத்திச் செய்யப்படும் ஜேடாம் வகைக்கு, ஜி.பி.எஸ். கிடைக்கும்போது 13 மீட்டர், கிடைக்காதபோது 30 மீட்டர் என்று அளவு வகுத்திருந்தார்கள். நடைமுறையில் அது ஐந்து மீட்டர் அளவுக்கு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதே வாலைப் பொருத்தும் பெரிய குண்டின் எடை ஏறத்தாழ 900 கிலோ. அதில் 400 கிலோவுக்கு மேல் வெடிமருந்து. குண்டு குறித்த கூரையிலேயே விழுந்தாலும், வெடிப்பு அந்தக் கூரையோடு நின்றுவிடாது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளைக் கொண்ட எங்கள் ஊர்த் தெருக்களில் அதன் பொருள் என்ன என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். நெல்லைச் சீமைக்கு இது தொலைதூரக் கணக்கும் அன்று. கூடங்குளத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது. நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் விஜயநாராயணத்தில் இருக்கிறது. "அடித்தாலும் அதை மட்டும்தான் அடிப்பார்கள்" என்று மே மாதம் ஒரு நண்பர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

முன்னேற்றம் பொய்யன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1941-இல் பிரிட்டன் தன் இரவுக் குண்டுவீச்சை வான்படங்களைக் கொண்டு சரிபார்த்தபோது, இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு ஐந்து மைல் தொலைவுக்குள் வந்திருந்தது. பாளையங்கோட்டையைக் குறிவைத்தால் திருநெல்வேலி டவுனும் அடங்கிவிடும் வட்டம் அது. மீதி இரண்டு பங்கு விமானங்கள் அதையும் தாண்டிப் போட்டுவிட்டு, வெற்றி என்று எழுதிக் கொடுத்திருந்தன.

காட்டிய படத்தை முழுப் போராக எண்ணுவது

1991 வளைகுடாப் போர் நடந்தபோது நான் பள்ளி மாணவன். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் வேலை பார்த்த காலம் அது. நாளிதழ் வந்ததும் கடைவாசலில் ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். குண்டு புகைபோக்கிக்குள் இறங்குகிறது, பாலத்தின் நடுவில் விழுகிறது என்றெல்லாம் அப்போது கேட்டோம். அந்தப் போரில் அமெரிக்கத் தரப்பு வீசியவற்றில் ஏறத்தாழ 92 விழுக்காடு எந்த வழிகாட்டலும் இல்லாத பழைய வகைக் குண்டுகள் என்பதை அன்று எங்களுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. அவற்றை இலக்குவரை பின்தொடரும் கேமரா கிடையாது. ஆகவே அவற்றுக்குப் படமும் இல்லை.

வழிகாட்டல் உள்ள எட்டு விழுக்காட்டின் கதையும் படத்தில் கண்டதைப் போல இருக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 1997-இல் வெளியிட்ட அறிக்கையில், ரேடாரில் எளிதில் சிக்காத எஃப்-117 விமானங்களின் குண்டுகள் 80 விழுக்காடு இலக்கைத் தொட்டதாக விமானப்படை சொன்னதை ஆராய்ந்து, உண்மை அளவு 41-க்கும் 60-க்கும் இடையே இருக்கும் என்று கண்டது. "ஓர் இலக்குக்கு ஒரு குண்டு" என்ற முழக்கத்துக்கு எதிரே அதே அறிக்கை வைத்த கணக்கு, அழிக்கப்பட்ட ஓர் இலக்குக்குச் சராசரியாக 11 டன் வழிகாட்டு குண்டுகளும் 44 டன் சாதாரணக் குண்டுகளும் செலவாயின என்பதாகும். ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகளைச் சுமந்து நடமாடும் ஏவுவண்டிகளில் சுமார் 80-ஐ அழித்ததாக விமானிகள் சொன்னார்கள். அமெரிக்க விமானப்படையே நடத்திய பின்னாய்வு, ஒன்றேனும் விமானத்தால் அழிந்தது என்பதற்கு மறுக்க முடியாத சான்று இல்லை என்று முடித்தது. அடிபட்டவை லாரிகளாகவோ பொம்மை வண்டிகளாகவோ இருந்திருக்கலாம். விமானிகள் பொய் சொன்னார்கள் என்று நான் எண்ணவில்லை. மேலிருந்து பார்த்தபோது அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஒரு கடிகாரத்தின் கதை

வகுப்பில் நான் மிக அதிக நேரம் செலவிட்டது இதற்குத்தான். வரும் ஏவுகணையை வானிலேயே மறிக்கும் பேட்ரியாட், அந்தப் போரின் நாயகனாக்கப்பட்டது. 1991 பிப்ரவரி 15 அன்று அதைத் தயாரித்த தொழிற்சாலைக்கே சென்ற அதிபர் ஜார்ஜ் புஷ், எதிர்கொண்ட 42 ஸ்கட்களில் 41 மறிக்கப்பட்டன என்றார். பத்து நாள் கழித்து, பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு படைவீரர் குடியிருப்பின்மேல் ஸ்கட் விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அங்கே இருந்த பேட்ரியாட் ஒரு கணைகூட ஏவவில்லை.

காரணம் எங்கள் மாணவர்களுக்கும் புரியக்கூடியது. அதன் கணினி, இயக்கிய நேரத்திலிருந்து நொடியில் பத்திலொரு பங்காக எண்ணிக்கொண்டே வரும். பிறகு அந்த எண்ணை நொடியாக மாற்றப் பத்திலொன்றால் பெருக்கும். மூன்றிலொன்றைத் தசமத்தில் எழுதினால் முடிவில்லாமல் நீள்வது போல, பத்திலொன்றை இரும எண்ணில் எழுதினால் அது முடிவதில்லை. அந்தக் கணினி 24 இலக்கத்தோடு வெட்டிவிட்டது. வெட்டிய துண்டு மிகச் சிறியது. ஆனால் இயந்திரத்தை அணைக்காமல் 100 மணி நேரம் ஓடவிட்டபோது அது 0.34 நொடிப் பிழையாக வளர்ந்தது. ஸ்கட் நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பாய்வது. கணினி அதை 687 மீட்டர் தள்ளித் தேடியது. தேடிய இடத்தில் ஒன்றும் இல்லாததால், வானம் வெறுமையாக இருப்பதாக முடிவு செய்தது. நெடுநேரம் ஓடவிட்டால் குறி விலகுகிறது என்று இஸ்ரேலியர் பிப்ரவரி 11 அன்றே தெரிவித்திருந்தார்கள். திருத்திய மென்பொருள் தஹ்ரானை அடைந்த நாள் பிப்ரவரி 26.

அடுத்த ஆண்டு தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தபோது, ஸ்கட்டின் வெடிமுனை உண்மையில் அழிந்ததற்கு வலுவான சான்று இருந்தது, பேட்ரியாட் எதிர்கொண்டவற்றில் ஏறத்தாழ 9 விழுக்காட்டுக்கு மட்டுமே. வானில் தீப்பிழம்பைக் கண்டவர்கள் மறித்துவிட்டதாக நினைத்தார்கள். பேட்ரியாட் கணை தானாக வெடித்தாலும் வானில் தீப்பிழம்புதான் தெரியும்.

சரியாக விழுந்தது சரியான இடத்தில் விழுந்ததாகாது

பொருள் கொண்டுவரும் இளைஞர் கைப்பேசிப் படத்தில் குத்திய புள்ளிக்குத் துல்லியமாக வந்து நிற்கிறார். புள்ளியே அடுத்த தெருவில் குத்தப்பட்டிருக்கிறது. நம் ஊரில் இது அன்றாடம் நடப்பது. 1999 மே 7 அன்று பெல்கிரேடில் நடந்ததும் இதுதான். அமெரிக்காவின் பி-2 விமானத்திலிருந்து வீசிய ஐந்து குண்டுகளும் கொடுத்த ஆயத்தொலைவுகளில் விழுந்தன. ஆனால் அந்தக் கட்டடம், அமெரிக்கர்கள் தேடிய யுகோஸ்லாவிய இராணுவக் கொள்முதல் அலுவலகமாக இல்லாமல் சீனத் தூதரகமாக இருந்தது. மூன்று சீனப் பத்திரிகையாளர்கள் இறந்தார்கள். 1991 பிப்ரவரி 13 அன்று பாக்தாதின் அமிரியா பதுங்கிடத்தில் இரண்டு லேசர் குண்டுகள் குறித்தபடியே கூரையைத் துளைத்தன. உள்ளே உறங்கிக்கொண்டிருந்த 400-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் டிரோன் ஏவிய கணை குறித்த காரையே தாக்கியது. ஏழு குழந்தைகள் உட்படப் பத்துப் பொதுமக்கள் இறந்தார்கள். அமெரிக்கப் படைத் தலைமை முதலில் அதை நியாயமான தாக்குதல் என்றே சொன்னது.

இந்த மூன்று இடங்களிலும் ஆயுதம் தன் வேலையைப் பிழையின்றிச் செய்தது. ஆகவே "துல்லியமான ஆயுதம், எனவே பொதுமக்கள் சாகவில்லை" என்ற வாதத்தில் "எனவே" என்ற சொல்லுக்கு ஆதாரமே இல்லை. தமிழர்களாகிய நாம் இதை எளிதில் மறக்கக்கூடாதவர்கள். 2009-இல் வன்னியில் நடந்ததை, பொதுமக்கள் உயிரிழப்பு சுழியம் என்ற கொள்கையோடு நடத்திய மீட்பு நடவடிக்கை என்று இலங்கை அரசு உலகுக்குச் சொன்னது. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு, வன்னியின் மருத்துவமனைகள் அனைத்தும் எறிகணைகளால் தாக்கப்பட்டன என்றும், அவற்றின் இருப்பிடம் அரசுக்கு நன்கு தெரிந்தே இருந்தது என்றும் 2011-இல் எழுதியது. அங்கே இடம் தெரியாமல் போனது காரணமாக இருக்க முடியாது.

சோதனைத் திடலையும் போர்க்களத்தையும் ஒன்றாக எண்ணுவது

லேசர் குண்டுக்கு இலக்கின்மேல் படும் ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். சாரல் காலத்தில் குற்றாலத்தில் நின்றுகொண்டு மலை எங்கே என்று தேடியவர்களுக்கு, மேகமும் புகையும் அந்தக் குண்டை என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. ஜி.பி.எஸ். குண்டுக்கு மேகம் தடையில்லை. ஆனால் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்த அலை மிகவும் மெலிந்தது, தரையிலிருந்து எளிதில் அமுக்கிவிடலாம். உக்ரைனில் ரஷ்யா அதைச் செய்தபோது, எக்ஸ்கேலிபர் என்ற விலையுயர்ந்த ஜி.பி.எஸ். பீரங்கிக் குண்டின் குறி வெகுவாகக் கெட்டது.

நம் தரப்புக்கு விலக்கு அளிப்பதும், எல்லாம் பொய் என்பதும்

அமெரிக்காவைப் பற்றிப் பேசும்வரை என் மாணவர்கள் தலையசைத்துக் கேட்டார்கள். நம்மைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் வகுப்பு இறுகியது. நாட்டுப்பற்று உள்ளவர் இந்தக் கேள்விகளைக் கேட்கக்கூடாது என்று எங்கோ கற்றிருக்கிறார்கள். 2022 மார்ச் 9 அன்று, இந்திய ஏவுகணை ஒன்று தவறுதலாகப் புறப்பட்டுப் பாகிஸ்தானுக்குள் விழுந்தது. நல்வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு நாள் கழித்து இந்திய அரசே அதை ஒப்புக்கொண்டது. விசாரணைக்குப் பின் ஆகஸ்டில் மூன்று அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். தவறை வெளியே சொன்னதால் நம் படையின் மதிப்பு குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

2019 பிப்ரவரி 26 அன்று பாகிஸ்தானின் பாலாகோட்டில் இந்திய விமானப்படை நடத்திய தாக்குதலில், மிகப் பெரும் எண்ணிக்கையில் பயங்கரவாதிகள் கொல்லப்பட்டதாக இந்தியா சொன்னது. மரங்கள் மட்டுமே சேதமடைந்ததாகப் பாகிஸ்தான் சொன்னது. சில நாளில் வெளியான தனியார் செயற்கைக்கோள் படங்களில் கட்டடங்கள் நின்றுகொண்டிருந்தன. கூரையைத் துளைத்து உள்ளே வெடிக்கும் குண்டு வெளியே பெரிய அடையாளம் விடாது என்பது இந்தியத் தரப்பின் விளக்கம். மறுபக்கம், மறைக்க ஒன்றுமில்லை என்ற பாகிஸ்தான், வெளிநாட்டுச் செய்தியாளர்களை அந்த இடத்துக்கு அழைத்துச் செல்ல 43 நாள் எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட இடத்தில் தெரிந்தது இவ்வளவுதான் என்று நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மாறாக "இரு பக்கமும் பொய்" என்று கையை உதறிவிடுவதும், சரிபார்க்கும் வேலையிலிருந்து தப்பிக்கும் வழிதான்.

அன்றிரவே தீர்ப்பு எழுதுவது

2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் நம் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் விழுந்து, விமானப்படையினர் ஆறு பேரும் ஊர்க்காரர் ஒருவரும் இறந்தார்கள். நம் ஏவுகணையே அதை வீழ்த்தியது என்றும், அது பெரும் தவறு என்றும் விமானப்படைத் தளபதி வெளிப்படையாகச் சொன்னது அக்டோபர் மாதம். ஏழு மாதம் ஆயிற்று. காபூல் தாக்குதல் தவறென்று ஒப்புக்கொள்ளப் 19 நாள், வன்னியைப் பற்றிய குழு அறிக்கைக்கு இரண்டு ஆண்டு, வளைகுடாப் போரின் குண்டுக் கணக்குக்கு ஆறு ஆண்டு ஆயின. முதல் இரவின் செய்தியை வைத்து வாதாடி உறவை முறித்துக்கொண்டவர்களை என் தெருவிலேயே அறிவேன்.

வகுப்பில் ஒரு குறிப்பேடு தொடங்கினோம். மே மாதம் மாணவர்கள் கைப்பேசியில் பெற்ற செய்திகளில் ஏழினைத் தேர்ந்தெடுத்து, சொன்னவர் யார், எதைக் குறிவைத்ததாகச் சொன்னார், சொன்னவர் அல்லாத வேறொருவர் நேரில் கண்டாரா, அது எந்தத் தேதியில் தெரிந்தது என்று நான்கு கட்டங்கள் போட்டோம். கராச்சி வரியை முதல் நாளே அடித்துவிட்டோம். மற்ற ஆறில் நான்கு வரிகளுக்குக் கடைசி இரண்டு கட்டங்கள் இன்னும் நிரம்பவில்லை. ஜன்னல் கேள்வியைக் கேட்ட மாணவர்தான் குறிப்பேட்டை வைத்திருக்கிறார்.