தனியார் மனித விண்பயணம் தேவையா? வாதாடும் முன் போட வேண்டிய கணக்குகள்

‘பணக்காரர்களின் உல்லாசம்’ என்கிறது ஒரு தரப்பு. ‘மனித குலத்தின் அடுத்த படி’ என்கிறது மறு தரப்பு. தனியார் நிறுவனங்கள் மனிதர்களை விண்ணுக்கு அனுப்புவது பற்றிய விவாதம் பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியங்களில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. இரு தரப்பும் மனத்தில் வைத்திருப்பது ஒரே பயணத்தை அல்ல. ஒருவர் 11 நிமிடப் பயணத்தைச் சாடுவார். மற்றவர் ஆறு மாதப் பயணத்தைக் காட்டிப் பதில் சொல்வார். மேடையிலோ வகுப்பிலோ கட்டுரையிலோ இதைப் பேசப்போகிறவர் தரப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ள வேண்டும்: எந்தப் பயணம்? யாருடைய பணம்?

பயணத்தைப் பிரியுங்கள்

மேலே போய், பூமியைச் சுற்றாமல் அப்படியே இறங்குவது துணைச்சுற்றுப்பாதைப் பயணம். 2021 ஜூலை 11-இல் விர்ஜின் கலாக்டிக் நிறுவனர் ரிச்சர்ட் பிரான்சன் சென்றதும், ஒன்பது நாள் கழித்து அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் தன் இன்னொரு நிறுவனமான ப்ளூ ஆரிஜினின் நியூ ஷெப்பர்ட் ராக்கெட்டில் சென்றதும் இந்த வகை. எடையின்மை கிடைப்பது சில நிமிடங்களுக்குத்தான். பிரான்சன் தொட்டது சுமார் 86 கி.மீ., பெசோஸ் சுமார் 107 கி.மீ. விண்வெளி 100 கி.மீ. உயரத்தில் தொடங்குகிறது என்பது கார்மன் கோட்டுக் கணக்கு. அமெரிக்க அரசு அமைப்புகள் 80 கி.மீ. என்கின்றன. ‘அது விண்வெளியே இல்லை’ என்ற சண்டையில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். எந்த வரையறையை எடுக்கிறீர்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

பெரிய வேறுபாடு உயரத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. ஒரு கிலோ எடையை 100 கி.மீ. உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 1 மெகாஜூல் ஆற்றல் போதும். அதே ஒரு கிலோ 400 கி.மீ. உயரத்தில், நொடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில் பூமியைச் சுற்ற வேண்டுமானால் சுமார் 33 மெகாஜூல் வேண்டும். திரும்பி வரும்போது அவ்வளவும் வெப்பமாகக் கழிய வேண்டும். ஆகவே ஒன்றில் தேர்ந்த நிறுவனம் மற்றொன்றையும் சுலபமாகச் செய்துவிடும் என்ற வாதமும், ஒன்று வீண் என்பதால் மற்றொன்றும் வீண் என்ற வாதமும் இந்த 33 மடங்கில் அடிபட்டுப்போகும்.

பணத்தை நான்கு கட்டங்களில் போடுங்கள்

ஒரு தாளில் இரண்டுக்கு இரண்டாகக் கட்டம் போடுங்கள். பக்கவாட்டில் ‘கலம் யாருடையது’, மேலே ‘இருக்கைக்குப் பணம் கொடுத்தது யார்’. இனி எந்த உதாரணம் வந்தாலும் அதன் கட்டத்தில் எழுதுங்கள்.

2001-இல் அமெரிக்கத் தொழிலதிபர் டென்னிஸ் டிட்டோ ரஷ்ய சோயூஸ் கலத்தில் சென்றார். கலம் அரசுடையது, பணம் அவருடையது. சுமார் 2 கோடி டாலர். 2025 ஜூன் மாதம் ஆக்ஸியம் என்ற தனியார் நிறுவனம் ஏற்பாடு செய்த ஆக்ஸியம்-4 பயணம் இதற்கு நேர் எதிர்: கலம் ஸ்பேஸ்எக்ஸின் டிராகன், ஆனால் சுபான்ஷு சுக்லாவின் இருக்கைக்குப் பணம் கொடுத்தது இந்திய அரசு. 2021 செப்டம்பரின் இன்ஸ்பிரேஷன்4 பயணத்தில் கலமும் தனியார், பணமும் தனியார்.

அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘இதில் ஒரு காசுகூட வரிப்பணம் இல்லை’ என்றால் எதிர்த்தரப்பு உடனே பிடித்துக்கொள்ளும். டிராகன் மனிதர்களைச் சுமக்கும் கலமாக வளர்ந்ததற்குப் பின்னால் நாசா 2014-இல் கொடுத்த 260 கோடி டாலர் ஒப்பந்தம் இருக்கிறது. அதே போல, ‘எல்லாமே மக்கள் வரிப்பணம்’ என்பதும் நிற்காது. நியூ ஷெப்பர்டை உருவாக்கச் செலவானது பெரும்பாலும் பெசோஸின் சொந்தப் பணம்.

மொழிபெயர்ப்பில் நேரும் ஒரு பிழையையும் இங்கேயே பிடித்துவிடலாம். பத்து மில்லியன் ஒரு கோடி, ஒரு பில்லியன் நூறு கோடி. 2.6 பில்லியனை 26 கோடி என்றோ 2,600 கோடி என்றோ எழுதிவிட்டால், அதன் மேல் கட்டிய வாதம் முழுவதும் சரிந்துவிடும்.

விலையை ஒப்பிடும்போது

அமெரிக்க விண்ணோடங்கள் (ஸ்பேஸ் ஷட்டில்) 2011-இல் ஓய்வுபெற்றன. அதன் பின் ஒன்பது ஆண்டுகள் நாசா சோயூஸ் இருக்கைகளை வாங்கியது. கடைசி ஆண்டுகளில் ஒரு இருக்கை 8 கோடி டாலரைத் தாண்டியது. நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2019-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் டிராகன் இருக்கை சுமார் 5.5 கோடி, போயிங்கின் ஸ்டார்லைனர் இருக்கை சுமார் 9 கோடி. தனியார் தரப்புக்கு இதைவிட வலுவான ஆயுதம் கிடையாது. சுற்றுலாவை முன்னிறுத்திப் பேசுபவர்கள் இதைக் கையில் எடுக்காமல் விடுவதுதான் வியப்பு.

ஆனால் இதைப் பயன்படுத்தும்போது மூன்றைச் சரிபாருங்கள். எந்த ஆண்டின் டாலர்? கலத்தை உருவாக்கிய செலவு அதில் சேர்ந்ததா? அது வாங்குபவர் கொடுத்த விலையா, செய்தவருக்கு ஆன செலவா? கடைசிக் கேள்விக்கு ஸ்டார்லைனரே பாடம். 2014-இல் போயிங்குக்குக் கிடைத்தது 420 கோடி டாலர் நிலையான விலை ஒப்பந்தம். தாமதமும் கோளாறுகளும் சேர்ந்து 150 கோடி டாலருக்கு மேல் இழப்பு வந்தபோது, அதைச் சுமந்தது நிறுவனம். பழைய முறையில், ஆன செலவோடு லாபத்தையும் சேர்த்துக் கொடுக்கும் ஒப்பந்தமாக இருந்திருந்தால் அது அரசின் தலையில் விழுந்திருக்கும்.

எதிர்த்தரப்பில் நிற்பவர் இதே கதையின் மறுபாதியை எடுக்கலாம். 2024 ஜூன் 5-இல் ஸ்டார்லைனரில் சென்ற இருவருக்குத் திட்டமிட்டது எட்டு நாள். உந்திகள் பழுதாகி, ஹீலியமும் கசிந்ததால் கலம் செப்டம்பரில் வெறுமையாகத் திரும்பியது. அவர்கள் 2025 மார்ச்சில் டிராகனில் இறங்கினார்கள். ‘தனியார் என்றால் திறமை’ என்று பொதுவாகச் சொல்ல இது இடம் தராது. இரண்டு நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து வைத்ததால்தான் மாற்று வழி இருந்தது என்பதை இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகத் திருப்பலாம்.

ஆபத்தை எண்ணால் சொல்லுங்கள்

‘இதுவரை ஒருவரும் இறக்கவில்லை, ஆகவே பாதுகாப்பு’ என்பது இந்த விவாதத்தில் மிக அதிகமாகக் கேட்கும் தவறு. இதற்கு ஒரு எளிய விதி உண்டு. விபத்தே இல்லாமல் எத்தனை பயணங்கள் நடந்தனவோ, அந்த எண்ணால் 3-ஐ வகுங்கள். உண்மையான ஆபத்து அந்த விடைக்குக் கீழே இருக்கிறது என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லலாம். அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. 20 பயணம் என்றால் 3/20, அதாவது 15 விழுக்காடு. விண்ணோடங்கள் 24 முறை பத்திரமாகப் போய்வந்தன, 25-ஆவது பயணத்தில் சாலஞ்சர் சிதறியது. மொத்தம் 135 பயணங்களில் இரண்டு கலங்களும் 14 உயிர்களும் போயின. அப்படிப் பார்த்தால் பயணத்துக்குச் சுமார் 1.5 விழுக்காடு. டிராகனுக்கும் ஸ்டார்லைனருக்கும் நாசா வைத்த இலக்கு, 270 பயணங்களுக்கு ஒரு உயிரிழப்பு விபத்துக்கு மேல் கூடாது என்பது. இலக்கு என்பது கணித மாதிரியின் விடை. அதை நடந்த கணக்கோடு கலக்கக் கூடாது.

சட்ட நிலையையும் சரியாகச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 2004 சட்டத்தின்படி, கலத்தில் ஏறுபவரின் பாதுகாப்புக்கு அரசு விதி வகுப்பதற்குத் தடை இருக்கிறது. பலமுறை நீட்டித்து, இப்போது 2028 ஜனவரி 1 வரை. பயணி ஆபத்தை அறிந்து எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். ஆனால் ‘எந்தக் கட்டுப்பாடும் இல்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். தரையில் இருக்கும் பொதுமக்களின் பாதுகாப்புக்கு விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் உரிமம் கட்டாயம். விதிகள் வேண்டும் என்பவர் விர்ஜின் கலாக்டிக் கலத்துக்கு 2014 அக்டோபர் 31-இல் சோதனைப் பயணத்தில் நேர்ந்த விபத்தை எடுக்கலாம். ஸ்பேஸ்‌ஷிப்டூவின் இறங்கும்போது வேகத்தைக் குறைக்க வாலை மடிக்கும் அமைப்பின் பூட்டைத் துணை விமானி நேரத்துக்கு முன்பே திறந்ததால் கலம் காற்றில் சிதறி அவர் இறந்தார். ஒரே ஒரு மனிதத் தவறு இப்படி முடியும் என்பதை வடிவமைப்பாளர்கள் கணக்கில் எடுக்கவில்லை என்றது விசாரணை.

அறிவியல், நன்கொடை, புகை

‘60 பரிசோதனைகள் செய்தோம்’ என்பது பயனுக்கு அளவுகோல் ஆகாது. முடிவு வெளியானதா, தரவு பிறருக்குக் கிடைக்கிறதா, ஆளில்லாக் கலத்தில் செய்திருக்க முடியாதா என்று கேளுங்கள். மூன்று நாள் இன்ஸ்பிரேஷன்4 பயணத்தின் உடலியல் தரவு 2024-இல் நேச்சர் குழும இதழ்களில் வந்தது. முதல் இரண்டு கேள்விகளை அது தாண்டுகிறது. மனித உடலைப் பற்றிய ஆய்வு என்பதால் மூன்றாவதையும்.

நன்கொடையைத் தனியாக வையுங்கள். நியூ ஷெப்பர்டின் முதல் இருக்கை ஏலத்தில் 2.8 கோடி டாலருக்குப் போனது, அதில் 1.9 கோடி 19 அமைப்புகளுக்குப் பிரிந்தது. நல்ல காரியம்தான், ஆனால் ராக்கெட் இல்லாமலும் கொடுக்கலாம். ‘அந்தப் பணத்தில் பசியைப் போக்கியிருக்கலாம்’ என்பவரிடமும் இதே கண்டிப்பு வேண்டும்: பயணத்தை நிறுத்தினால் அந்தப் பணம் எந்த வழியாக அங்கே போகும்?

புகையைப் பேசும்போது எரிபொருளைக் குறிப்பிடுங்கள். நியூ ஷெப்பர்ட் ஹைட்ரஜனை எரிக்கிறது. வெளியே வருவது பெரும்பாலும் நீராவி, ஆனால் ஹைட்ரஜன் தயாரிப்பில் கரியமில வாயு உண்டு. டிராகனை ஏவும் ஃபால்கன் 9 ராக்கெட் ஒரு தடவைக்குச் சுமார் 150 டன் மண்ணெண்ணெய் வகை எரிபொருளைக் கொள்கிறது. அதன் கார்பன் வெளியீடு விமானப் போக்குவரத்தின் முன் சிறிது. கவலை கரித்துகளில்தான்: தாழ்வான காற்றில் அதை மழை சில வாரத்தில் கழுவிவிடும், மழை எட்டாத உயரத்தில் உள்ள அடுக்கு மண்டலத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கும்.

‘விமானமும் முதலில் பணக்காரர்களுக்குத்தான்’

விமானத்தைப் போல விண்பயணமும் போகப்போக மலிவாகும் என்ற இந்த ஒப்புமை கட்டாயம் வரும், தயாராக இருங்கள். ஃபால்கன் 9-இன் மொத்தச் செலவில் எரிபொருள் சிறு பங்குதான்; கலத்தைத் திரும்பப் பயன்படுத்தினால் விலை இறங்கும் என்ற நம்பிக்கைக்கு அது இடம் தருகிறது, சரக்கு ஏவும் விலை இறங்கியும் இருக்கிறது. ஆனால் மனிதர் செல்லும் இருக்கையின் விலையைப் பாருங்கள்: டிட்டோ 2001-இல் கொடுத்தது 2 கோடி டாலர், 2022-இல் ஆக்ஸியம்-1 இருக்கை சுமார் 5.5 கோடி. விர்ஜின் கலாக்டிக்கின் சீட்டு 2 லட்சத்தில் தொடங்கி 2021-இல் 4.5 லட்சம் டாலர் ஆனது. பணவீக்கத்தைக் கழித்தாலும் இரண்டுமே ஏற்றம்தான்.