பிபிஎஸ் முகவரிப் பட்டியலை நடத்துவது எப்படி

பிபிஎஸ் என்பது புல்லட்டின் போர்டு: மோடத்திலோ இணையத்திலோ அழைத்து நுழைந்து, கடிதமும் கோப்பும் பரிமாறிக்கொள்ளும் கணினி. ஒரு பிபிஎஸ் பட்டியலில் புதிய பெயரைச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. செத்துப்போன பெயரை எப்போது, எப்படி எடுப்பது என்பதில்தான் பட்டியல் நடத்துபவரின் பாடு இருக்கிறது. 400 பெயர்கள் உள்ள பட்டியலில் 150 திறக்கவில்லை என்றால் அது போன வருஷத்துப் பஞ்சாங்கம். டெல்நெட், எஸ்எஸ்ஹெச் என்ற தொலைநுழைவு முறைகள் வழியாக இன்றும் இயங்கும் புல்லட்டின் போர்டுகளுக்குப் பட்டியல் போட நினைப்பவர்களுக்காக எழுதியது இது. பழைய தொலைபேசி எண் பட்டியல்களைத் தொகுப்பவர்களுக்கும் ஒரு பகுதி உண்டு.

முதலில் கொஞ்சம் வரலாறு. இந்த வேலையில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றை 1980-களிலேயே யாரோ பட்டுத் தெரிந்துகொண்டுவிட்டார்கள்.

வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் சிகாகோவில் 1978 பிப்ரவரி 16-இல் சிபிபிஎஸ் என்ற முதல் போர்டைத் திறந்தபோது பட்டியலுக்குத் தேவையே இல்லை. இருந்தது ஒரே எண். 1984-இல் டாம் ஜென்னிங்ஸ் போர்டுகளை இணைக்கும் ஃபிடோநெட்டைத் தொடங்கியதும் கதை மாறியது. அதில் கணினிகள் இரவில் தாமாகவே ஒன்றையொன்று அழைத்துக் கடிதங்களைப் பரிமாறிக்கொள்ளும். பட்டியலில் ஒரு இலக்கம் தவறினால், நடு இரவில் ஊர் பேர் தெரியாத ஒருவர் வீட்டில் மணி அடிக்கும். எடுத்தால் மோடத்தின் கீச்சுச் சத்தம். அவர் வைத்தால் கணினி மறுபடி அழைக்கும். பட்டியலில் நேர்ந்த பிழைக்கு, பட்டியலைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத ஒருவர் தூக்கம் கெட்டார். அதனால்தான் ஃபிடோநெட்டின் எண் பட்டியலான நோட்லிஸ்ட் அவ்வளவு கறாராக வளர்ந்தது. செயின்ட் லூயிஸைச் சேர்ந்த கென் காப்லனும் பென் பேக்கரும் அதன் பராமரிப்பை ஏற்றார்கள். 1985-இல் வலை (ஒரு வட்டாரத் தொகுதி), கணு (அதிலுள்ள ஒரு கணினி) என்று எண்ணை இரண்டாகப் பிரித்து, அந்தந்த வட்டாரத்தின் பகுதியை அந்தந்த வட்டாரத்தாரே திருத்தும்படி ஆக்கினார்கள்.

நோட்லிஸ்ட் வெள்ளிக்கிழமைதோறும் வெளிவரும். கோப்பின் பின்னொட்டு ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற மூன்று இலக்கம். முதல் வரியில் தேதியும் ஐந்து இலக்கச் சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். வாராவாரம் முழுக் கோப்பை இறக்குவது கட்டுப்படியாகாது. 1990-களின் நடுவில் 35,000 வரிக்கு மேல் போயிற்று. வரிக்கு 85 எழுத்து என்று வைத்தால் ஏறத்தாழ 30 லட்சம் எழுத்து. வினாடிக்கு 2400 பிட் வேக மோடம் வினாடிக்கு 240 எழுத்து இழுக்கும். சுருக்காமல் இறக்கினால் கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரத் தொலைபேசிக் கட்டணம். அதற்காக வந்தது நோட்டிஃப் என்ற வேறுபாட்டுக் கோப்பு. போன வாரப் பட்டியலின் முதல் வரி அதில் அப்படியே இருக்கும். பிறகு ‘இத்தனை வரியை நகலெடு, இத்தனையை நீக்கு, இத்தனையைச் சேர்’ என்ற மூன்றே கட்டளைகள். ஒரு வாரம் தவறவிட்டால் அடுத்தது ஒட்டாது, முதல் வரி பொருந்தாதென்பதால். தவறான அடித்தளத்தின் மேல் திருத்தம் போடுவதைவிட, போடாமல் நிற்பது மேல் என்ற எண்ணம் அது. இன்று கோப்பின் அளவு ஒரு பொருட்டே இல்லை. அந்த எண்ணம் இன்னும் பொருந்தும்.

பதிவில் என்ன இருக்க வேண்டும்

ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத ஓர் எண் கொடுங்கள். பெயரையோ முகவரியையோ அடையாளமாக வைத்தால் ஒரே ஆண்டில் பட்டியல் குழம்பும். பிபிஎஸ்கள் பெயர் மாறும், டொமைன் மாறும், போர்ட் (இணைப்பு வாயிலின் எண்) மாறும். மூடி இரண்டு ஆண்டு கழித்து வேறு பெயரில் திறக்கும். அந்த எண்ணுடன் பெயர், டொமைன், நெறிமுறையும் போர்ட்டும், மென்பொருள், ஊர், சிஸாப்பின் (போர்டை நடத்துபவரின்) புனைபெயர், பதிவு எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு ஆகியவை போதும். டெல்நெட்டுக்கு 23, எஸ்எஸ்ஹெச்சுக்கு 22 என்று நீங்களாக நிரப்பிவிடாதீர்கள். 2016-இல் மிராய் பாட்நெட் (தீநிரல் பிடித்த கருவிகளின் கூட்டம்) 23-ஐயும் 2323-ஐயும் தட்டித் திரிந்ததிலிருந்து பலர் வேறு எண்ணுக்குப் போய்விட்டார்கள். கொமடோர் போர்டுகள் பெரும்பாலும் 6400-இல் இருக்கும். அவை பெட்ஸ்கி எழுத்துமுறையில் பேசும் என்பதையும் குறியுங்கள். குறிக்காவிட்டால் சாதாரண டெர்மினலில் போகிறவருக்குக் குப்பைதான் தெரியும்.

தேதி மூன்று வேண்டும்: சேர்த்த நாள், கடைசியாகச் சோதித்த நாள், கடைசியாகத் திறந்த நாள். பின்னிரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடுவதுதான் பட்டியல்களில் அதிகம் பார்க்கும் தவறு. ‘நேற்று சரிபார்த்தது’ என்று இருக்கும். நேற்று சரிபார்த்தபோது அது திறக்கவில்லை என்பது எங்கும் இருக்காது.

சோதனை

போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. டைனமிக் டிஎன்எஸ் (மாறும் ஐபி எண்ணை மாறாத பெயரோடு இணைக்கும் சேவை) புதுப்பிக்கப்படாமல் கிடந்தால், பழைய ஐபி வேறொருவர் வீட்டு ரௌட்டருக்குப் போயிருக்கும். அதன் உள்நுழைவுத் திரை பதில் தரும். உங்கள் நிரல் ‘உயிரோடு இருக்கிறது’ என்று எழுதிக்கொள்ளும். 1984-இன் நள்ளிரவு மணிதான் இது, சத்தம் மட்டும் இல்லை.

ஆகவே வரிசையாகச் செய்யுங்கள். டொமைன் பெயரைத் தேடுங்கள். ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் கிடைத்தால் இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள்; டொமைனில் ஐபிவி6 இருக்கும், போர்டு ஐபிவி4-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும், நிரல் 6-ஐ மட்டும் தட்டிவிட்டு ‘இல்லை’ என்று திரும்பும். இணைப்புக்கு 25 வினாடி பொறுங்கள்.

இணைந்ததும் டெல்நெட் பேரம் (எந்தெந்த வசதி வேண்டும் என்ற கேள்விகள்) வரும். 255, 253 என்ற பைட்களில் தொடங்கினால் 255, 252 என்றும், 255, 251 வந்தால் 255, 254 என்றும், அதே விருப்ப எண்ணைப் பின்னால் சேர்த்துத் திருப்பி அனுப்பினால் போதும். எல்லாவற்றுக்கும் ‘வேண்டாம்’ என்று பொருள். அடுத்து 27, 91, 54, 110 என்ற நான்கு பைட் வரக்கூடும். கர்சர் எங்கே இருக்கிறது என்று போர்டு கேட்கிறது. பதில் வராவிட்டால் சில போர்டுகள் அங்கேயே நின்றுவிடும். முதல் வரி, முதல் நெடுவரிசை என்று பதில் சொல்லிவிடாதீர்கள். கர்சரைத் திரையின் மூலைக்குத் தள்ளிவிட்டு, இதே கேள்வியால் திரையின் அளவைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் உண்டு. உங்கள் திரை ஒரே எழுத்து அகலம் என்று அது நம்பிவிடும். 24-ஆம் வரி, 80-ஆம் நெடுவரிசை என்று சொல்லுங்கள்: 27, 91, 50, 52, 59, 56, 48, 82.

இன்னும் எதுவும் வரவில்லையா? ஐந்து வினாடி விட்டு எஸ்கேப்பை இரண்டு முறை அனுப்புங்கள். ஃபிடோநெட் அஞ்சல் நிரல் முன்வாசலில் உட்கார்ந்திருக்கும் போர்டுகளில் இது பழைய வழக்கம். இப்போது தானியங்கி நிரல்களை வடிகட்டவும் இதையே வைக்கிறார்கள். பிறகு வருவதில் முதல் 4 கிலோபைட்டைச் சேமித்து, வண்ணக் கட்டளைகளை நீக்கி, போர்டின் பெயரோ முன்பு குறித்துவைத்த சொல்லோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தானாக ‘இறந்தது’ என்று எழுத விடாதீர்கள். கிறிஸ்துமஸ், ஹாலோவீன் வந்தால் சிஸாப்கள் முகப்புத் திரையை மாற்றுவார்கள். பெயரைப் படமாக வரைந்திருந்தால் எழுத்தாகத் தேடிக் கிடைக்காது. மனிதக் கண் பார்க்கட்டும்.

ஒரே நேரத்தில் நான்கு இணைப்புக்கு மேல் வேண்டாம். ஒன்றுக்கு 30 வினாடி ஆனால் 400 போர்டுகள் 50 நிமிடத்தில் முடியும். நாளுக்கு ஒரு முறை போதும், அதுவும் ஒவ்வொரு நாளும் வேறு மணியில். ஒரே நேரத்தில் ஒருவரை மட்டும் ஏற்கும் போர்டுகளில் உங்கள் நிரல் உள்ளே இருக்கும்வரை வேறு யாரும் நுழைய முடியாது. பாதியில் இணைப்பை அறுத்தால் சில பழைய இயந்திரங்கள் அடுத்தவரை ஏற்காமல் தொங்கி நிற்கும். அவற்றுக்கு வாரம் ஒரு முறை. சோதிக்கும் ஐபி மாறாமல் இருக்கட்டும், அதை எல்லாரும் பார்க்கும்படி எழுதியும் வையுங்கள். அடிக்கடி வந்து உள்நுழையாமல் போகும் முகவரியைச் சிஸாப்கள் தடைசெய்வார்கள், அது நியாயம்தான். நிரல் ஒருபோதும் கணக்குத் திறக்கக் கூடாது.

தோல்விகள் எல்லாம் ஒன்றல்ல. டொமைனே கிடைக்கவில்லை என்றால் புதுப்பிக்க மறந்திருக்கலாம் அல்லது கைவிட்டிருக்கலாம். இணைப்பு மறுக்கப்பட்டால் இயந்திரம் ஓடுகிறது, மென்பொருள் நின்றிருக்கிறது. பெரும்பாலும் ஒரு நாளில் திரும்பும். பதிலே இல்லை என்றால் மின்சாரம் போயிருக்கலாம், அல்லது உங்களைத்தான் தடுத்திருக்கிறார்கள். எனவே வேறொரு நெட்வொர்க்கிலிருந்தும் பார்க்காமல் ‘பதிலில்லை’யை நம்ப வேண்டாம்.

எப்போது எடுப்பது

ஃபிடோநெட் விதியில் நின்றுபோன கணுவை ‘டவுன்’ என்று அதிகபட்சம் இரண்டு வாரம் வைத்திருக்கலாம். பிறகு எடுத்துவிட வேண்டும். தற்காலிகமாக அஞ்சல் வாங்க இயலாதவருக்கு ‘ஹோல்ட்’ என்று தனிச் சொல் இருந்தது. இன்று போர்டுகள் பொழுதுபோக்காக நடப்பவை. இரண்டு வாரம் மிகக் கடுமை. மூன்று நாள் தொடர்ந்து திறக்காவிட்டால் ஒரு குறி, 14 நாளில் சிஸாப்புக்கு ஒரு கடிதம், 60 நாளில் முதன்மைப் பட்டியலிலிருந்து விலக்கல் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். விலக்கியதை அழிக்காதீர்கள். தனிப் பட்டியலில் அதே எண்ணுடன் வைத்து மாதம் ஒரு முறை தட்டிப் பாருங்கள். திரும்பி வருபவை இருக்கும்.

புதிதாகச் சேர்க்கக் கேட்பவரிடம் ஓர் ஆறு இலக்க எண்ணைக் கொடுத்து, அதை ஒரு நாள் முகப்புத் திரையில் காட்டச் சொல்லுங்கள். போர்டு அவருடையதுதான் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். வீட்டு ஐபியை மட்டும் தருபவரிடம் இலவச டைனமிக் டிஎன்எஸ் பெயர் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். ஐபி மாறினாலும் பதிவு பழுதாகாது. எடுத்துவிடச் சொல்லிக் கேட்டால் அன்றே எடுங்கள்.

வெளியிடுதல்

மாதம் ஒரு முறை தேதியிட்ட ஜிப் கோப்பு, உள்ளே எளிய உரை ஒன்று, காற்புள்ளி பிரித்த கோப்பு ஒன்று, சிங்க்டெர்ம் என்ற அழைப்பு நிரல் நேரடியாகப் படிக்கும் அழைப்புப் பட்டியல் ஒன்று. உரைக்கோப்பில் ஒரு வரி 80 எழுத்தைத் தாண்டக் கூடாது. கோப்புப் பெயர் எட்டு எழுத்தும் பின்னொட்டு மூன்று எழுத்துமாக இருந்தால் டாஸ் கணினிக்காரரும் வாழ்த்துவார். வெளியிட்ட கோப்பைத் திருத்தி அதே பெயரில் மறுபடி ஏற்றாதீர்கள். பிழை இருந்தால் அடுத்த மாதத்தில் திருத்துங்கள். எழுத்துமுறையில் கவனம் வேண்டும். எனிக்மா½ என்ற மென்பொருளின் பெயரில் உள்ள ½, டாஸின் 437 என்ற எழுத்து அட்டவணையில் 171 என்ற எண்ணுள்ள எழுத்து. அதே பைட்டை லத்தீன்-1 என்ற வேறு அட்டவணைப்படி படித்தால் « வரும். உங்கள் பட்டியலில் ‘எனிக்மா«’ என்று தெரிந்தால், வழியில் எங்கோ மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள்.

பழைய பட்டியல்களைச் சேர்ப்பது

டெக்ஸ்ட்ஃபைல்ஸ்.காமில் ஜேசன் ஸ்காட் வைத்திருக்கும் வரலாற்றுப் பட்டியல் ஒரு லட்சம் பெயரைத் தாண்டியது. அதுபோல ஒரு வட்டாரத்துக்காவது தொகுக்க நினைத்தால் முதலில் பகுதி எண்கள் உங்களைக் கெடுக்கும். சிகாகோ புறநகர்கள் 1989-இல் 312-இலிருந்து 708-க்குப் போயின. அதனால் ஒரே போர்டு இரண்டு போர்டாகத் தெரியும். பிரிட்டனில் 1995 ஏப்ரல் 16 முதல் பூஜ்யத்துக்குப் பின்னால் 1 சேர்ந்தது. கடைசி ஏழு இலக்கமும் பெயரும் ஒத்திருந்து, பட்டியல்களின் தேதி இந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னுமாக இருந்தால் ஒன்றாகக் கருதலாம். ஏழு இலக்கம் மட்டும் ஒத்தால் போதாது.

இன்னொன்று: பத்துப் பட்டியல்கள் ஒரே தகவலைச் சொன்னால் பத்துச் சாட்சி என்று எண்ண வேண்டாம். அந்தக் காலத்தில் ஒருவர் பட்டியலை மற்றவர் அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். ஒரே எழுத்துப்பிழை நான்கு இடத்தில் இருந்தால் மூன்று நகல்கள். எனவே ஒவ்வொரு வரிக்கும் மூலமும் அதன் தேதியும் இருக்கட்டும். ‘1991 மார்ச் பட்டியலில் இருந்தது’ என்றுதான் எழுதலாம், ‘1991-இல் இயங்கியது’ என்று எழுத முடியாது. அந்த எண்களில் இன்று வேறு குடும்பங்கள் இருக்கின்றன. அழைக்க வேண்டாம் என்று பக்கத்தின் தலையிலேயே போடுங்கள். நோட்லிஸ்ட்டில் உள்ள சிஸாப்பின் இயற்பெயர்களை வெளியிடாமல் விடுங்கள்.

கடைசியாக, டொமைனின் கடவுச்சொல்லும் சோதனை நிரலும் முழுத் தரவும் இன்னொருவரிடமும் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை அவரைக் கூப்பிட்டு, உங்கள் உதவி இல்லாமல் அந்த மாதக் கோப்பை அவரையே வெளியிடச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறாரோ அதைக் குறிப்பேட்டில் சேர்த்துவிடுங்கள்.