பெங்களூரிலிருந்து அகச்சிவப்பு வானம்: லேப்டாப்பில் ஒரு தொடக்கம்

ஆடி, ஆவணியில் பெங்களூரில் வானம் பார்க்க நினைப்பதே வீண். மேகம் விலகினாலும் தெருவிளக்கு விடாது. அகச்சிவப்புக்கு, அதாவது சிவப்பைவிட நீண்ட அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு, இன்னொரு தொல்லையும் உண்டு: காற்றிலுள்ள நீராவி அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கோரமங்கலாவிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம்கூட தன் 2 மீட்டர் தொலைநோக்கியை லடாக்கின் ஹான்லேயில், ஏறக்குறைய 4,500 மீட்டர் உயரத்தில் வைத்துவிட்டு, நம்மூர் பக்கத்து ஹொசகோட்டேயிலிருந்து இயக்குகிறது. தொலைநோக்கிகள் ஏற்கெனவே எடுத்த படங்களைப் பார்க்க நமக்கு லேப்டாப் போதும்.

படி 1: உலாவியில் வானப் படங்களைக் காட்டும் 'அலாதீன் லைட்' (Aladin Lite) தளத்தைத் திறங்கள். இலவசம், கணக்கு தேவையில்லை. தேடல் பெட்டியில் எம்42 (M42) என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஓரியன் நெபுலா வரும்; விண்மீன்கள் பிறக்கும் வாயு, தூசி மேகம் அது.

படி 2: அடுக்குகளுக்கான பொத்தானில் கண்ணுக்குத் தெரியும் ஒளிப் படத்தை மாற்றி, டூமாஸ் (2MASS) என்ற அகச்சிவப்பு வான ஆய்வின் வண்ணப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். இது 1.25, 1.65, 2.17 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளங்களில் எடுத்தது. இங்கே அவசரப்படாதீர்கள். நடுவிலுள்ள ட்ரபீசியம் விண்மீன்களுக்குச் சற்று மேலே, வலப்பக்கம் பெரிதாக்கிப் பாருங்கள். முன்பு வெறும் மங்கலாயிருந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி பளிச்சென்று நிற்கும். 1960-களில் வானியலாளர்கள் பெக்ளினும் நாய்கெபாவரும் கண்டுபிடித்த விண்மீன் அது. தூசிக்குப் பின்னால் இருப்பதால் சாதாரண ஒளியில் தெரியாது.

படி 3: இன்னும் நீண்ட அகச்சிவப்பு அலைநீளங்களில் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த ஆல்வைஸ் (AllWISE) படத்துக்கு மாறுங்கள். இப்போது தூசியே ஒளிரும். அழகுதான், ஆனால் படத்தின் நிறங்கள் நாம் பூசியவை, அவற்றை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எண்கள்தான் பேசும்.

படி 4: 3சி 273 (3C 273) என்ற குவாசாரை, அதாவது நடுவிலுள்ள பெரும் கருந்துளை பொருளை விழுங்குவதால் பளிச்சென ஒளிரும் தொலைதூர விண்மீன் மண்டல மையத்தை, தேடி, ஆல்வைஸ் அட்டவணையை மேலே சேர்த்து, புள்ளியைச் சொடுக்குங்கள். 3.4 மைக்ரான் ஒளியளவிலிருந்து 4.6 மைக்ரான் ஒளியளவைக் கழியுங்கள் (ஒளியளவு எண் சிறிதானால் பிரகாசம் அதிகம்). பக்கத்திலுள்ள சாதாரண விண்மீன்களுக்கு விடை பூச்சியத்தை ஒட்டி வரும், குவாசாருக்கு 0.8-ஐத் தாண்டும். கருந்துளையைச் சுற்றிச் சூடேறிய தூசி 4.6 மைக்ரானில் கூடுதலாக ஒளிர்வதே காரணம்.

சரி, 0.8-ஐத் தாண்டினாலே குவாசாரா? இல்லை. விண்மீனாகும் அளவுக்கு நிறை இல்லாத பழுப்புக் குறுமீன்களும், தூசி போர்த்திய இளம் விண்மீன்களும் அப்படியே தெரியும். அப்புறம், திருவாதிரை மாதிரி மிகப் பிரகாசமானவற்றைத் தொடாதீர்கள்; உணரி நிரம்பி வழிந்து எண்ணே கெட்டிருக்கும். சந்தேகம் வந்தால் அதே இடத்தை சிம்பாட் (SIMBAD) தரவுத்தளத்தில் போட்டு, வானியலாளர்கள் அதை எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.