எந்த முல்லர்? ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஜெர்மனியில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் முல்லர். மாவு அரைக்கும் ஆலைக்காரருக்கு வழங்கிய தொழில் பெயர் அது. ஊருக்கு ஊர் ஆலை இருந்தது, ஊருக்கு ஊர் ஒரு முல்லர் குடும்பம் உண்டானது. அதனால் இரண்டு முல்லர்கள் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. வந்த முதல் மாதத்திலேயே வீட்டுக்காரர், குழந்தையின் டீச்சர், பல் டாக்டர், கடை, தயிர் டப்பா என்று நாலைந்து முல்லர்கள் உங்கள் வாழ்க்கைக்குள் வந்துவிடுவார்கள். முதல் பெயர், தெரு, தொழில், ஊர் இவற்றில் ஏதாவது ஒன்றைக் கூடவே சொல்லாவிட்டால் கேட்பவருக்கு யாரென்று பிடிபடாது.

முதலில் உச்சரிப்பு. தமிழில் நாம் எழுதும் 'மு' ஜெர்மன் ஒலி அல்ல. 'மி' சொல்லும் இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'மு' சொல்வதுபோல் குவியுங்கள், வரும். கடைசி 'ர்' அநேகமாகக் காதில் விழாது, 'ல' என்று தேய்ந்து முடியும். எழுத்தில் யு மேல் இரண்டு புள்ளி. புள்ளி போட வழியில்லாத இடத்தில் யு, இ என்று இரண்டு எழுத்தாக எழுதுவார்கள்: எம்-யு-இ-எல்-எல்-இ-ஆர். பாஸ்போர்ட்டின் அடிவரியிலும் விமான டிக்கெட்டிலும் மின்னஞ்சல் முகவரியிலும் இப்படித்தான் இருக்கும். புள்ளியை அப்படியே விட்டுவிட்டு வெறும் யு போட்டால் அது வேறொரு பெயர். சிலருக்குப் பதிவிலேயே புள்ளியில்லாமல் யு-இ என்றுதான் பெயர் இருக்கும். அவர்களுக்கு நீங்களாகப் புள்ளி வைத்து எழுதக் கூடாது. போனில் சந்தேகம் வந்தால் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பெயரையும் அப்படியே சொல்லப் பழகுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் அதில் தொடங்கும் ஒரு சொல்லைச் சொல்வதுதான் இங்கே வழக்கம். கண்ணன் என்றால் "கவுஃப்மன், ஆன்டன், நோர்ட்போல், நோர்ட்போல், ஆன்டன், நோர்ட்போல்". ஊர்ப்பெயர்களை வைத்து 2022இல் புதிய பட்டியல் வந்தது. அதில் இதே பெயர் கோல்ன், ஆகன், நியூர்ன்பெர்க் என்று போகும். ஆனால் மக்கள் வாயில் பழையதுதான் அதிகம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். கடைசி இரண்டு எழுத்து இல்லாத 'முல்' என்றால் குப்பை. 'ரெஸ்ட்முல்', 'பியோமுல்' என்று தொட்டியில் எழுதியிருப்பது அதுதான், யார் பெயரும் அல்ல.

பெயர் உண்மையிலேயே முக்கியமாவது வீட்டு வாசலில். இங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் வீட்டு எண் கிடையாது. தெரு, கட்டட எண், குடும்பப் பெயர் இவ்வளவுதான் முகவரி. தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துப் போடுகிறார், பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். முல்லர் என்பவர் எடுத்திருக்கும் வீட்டில் ஓர் அறையை உள்வாடகைக்கு எடுத்திருந்தால் உங்கள் பெயருக்குக் கீழே 'பை முல்லர்' என்று ஒரு வரி சேர்த்து முகவரி கொடுங்கள். 'முல்லர் வீட்டில்' என்று அர்த்தம். அதோடு தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் பெயரையும் ஒட்டுங்கள். நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிந்தபின் வரி அடையாள எண்ணும், பாங்க் கார்டும், அதன் ரகசிய எண்ணும் தபாலில்தான் வரும். வரி எண் காணாமல் போனால் சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரி பிடிப்பார்கள், அதுதான் எல்லாவற்றிலும் அதிகம். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்திலேயே பெயரை ஒட்டுங்கள், கூப்பிடு பெயர் வேண்டாம்.

பார்சல் வரும்போது நீங்கள் வீட்டில் இல்லையென்றால், 'பக்கத்து வீட்டு முல்லரிடம் கொடுத்திருக்கிறோம்' என்று ஒரு சீட்டு கிடக்கும். மணிப்பலகையில் இரண்டு முல்லர் இருக்கும், ஒன்று 'ஏ. முல்லர்', இன்னொன்று 'முல்லர் / ஷ்னைடர்'. பெரும்பாலான பலகைகளில் கீழ் வரிசை தரைத்தளம், மேலே போகப் போக மாடி. சீட்டில் கட்டட எண்ணும் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அடுத்த கட்டடமாகவும் இருக்கலாம். சீட்டையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு இரவு எட்டு மணிக்குள் போங்கள். பத்துக்கு மேல் அமைதி நேரம். கதவைத் திறந்ததும் "குட்டன் டாக், ஃப்ராவ் முல்லர்" என்று பெயர் சொல்லி வணக்கம் வைப்பதுதான் இங்கே மரியாதை. டிஹெச்எல் கணக்கில் எந்தப் பக்கத்து வீட்டாரிடம் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே குறிக்கும் வசதி உண்டு, அங்கே முதல் பெயரையும் சேர்த்து எழுதினால் குழப்பமில்லை.

கடைத்தெருவில் பெரிய எழுத்தில் பார்க்கும் முல்லர், ஊல்ம் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரோகரி. 1953இல் எர்வின் முல்லர் என்பவர் முடிதிருத்தும் கடையாகத் தொடங்கியது. சோப்பு, ஷாம்பு, வாசனைத் திரவியம், பொம்மை, நோட்டுப் புத்தகம் எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும். ஆனால் ட்ரோகரி என்பது மருந்துக்கடை அல்ல. டிஎம், ராஸ்மன் கடைகளும் இதே வகைதான். அங்கே அலமாரியில் விட்டமின் மாத்திரையும் பிளாஸ்திரியும் இருக்கும், பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் இருக்காது. அவற்றுக்குச் சிவப்பு நிற 'ஏ' போட்ட அப்போதேகெ என்ற மருந்துக்கடைக்குத்தான் போக வேண்டும். குழந்தைக்கு இரவில் காய்ச்சல் என்றால் திறந்திருக்கும் அப்போதேகெ எது என்று 22833 என்ற எண்ணை மொபைலில் அழைத்துக் கேட்கலாம், அழைப்புக்குக் கட்டணம் உண்டு.

தயிர் டப்பாவில் இருக்கும் முல்லர் வேறு. ஆவுக்ஸ்பூர்க் பக்கத்தில் ஆரெட்ஸ்ரீட் என்ற ஊரில் 1896இல் தொடங்கிய பால் நிறுவனம் அது. ஊல்ம் கடைக்கும் இதற்கும் சொந்தமில்லை. வைஹென்ஸ்டெஃபான் என்ற பெயரில் வரும் பாலும் வெண்ணெயும் இந்தக் குழுமத்தினுடையவைதான். மூலையில் தனிக் குழியோடு வரும் தயிர் இனிப்பு, சாதத்துக்கு ஆகாது. 'நாட்டூர்யோகுர்ட் 3,5' (இனிப்பில்லாத வெறும் தயிர், 3.5 சதவீதம் கொழுப்பு) என்று போட்டதை எடுங்கள். 'மில்ட்' என்று சேர்ந்திருந்தால் புளிப்பு குறைவு. வீட்டில் உறை ஊற்றுவதானால் ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி 42, 43 டிகிரிக்கு ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி நாட்டூர்யோகுர்ட் கலந்து, ஓவனில் விளக்கை மட்டும் போட்டு எட்டு மணி நேரம் வையுங்கள். குளிர்காலத்தில் 19 டிகிரி சமையலறையில் வெளியே வைத்தால் உறையாது. சைவம் சாப்பிடுபவர்கள் எந்தப் பால் இனிப்பிலும் பொருள் பட்டியலில் 'கெலாட்டினே' (விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பால் பானம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 2024 ஜனவரி முதல் 25 சென்ட் ஃபாண்ட், அதாவது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் முன்பணம், உண்டு. பாட்டிலை நசுக்காமல், லேபிளைக் கிழிக்காமல் இயந்திரத்தில் போடுங்கள். பார்கோடு தெரியாவிட்டால் இயந்திரம் திருப்பித் தள்ளிவிடும்.

பில் வரும்போது இந்தப் பெயர் பணப் பிரச்சினையாகவே ஆகலாம். எலெக்ட்ரிஷியன், பெயின்டர், பேக்கரி என்று எத்தனையோ தொழில்கள் முல்லர் பெயரில் நடக்கின்றன. தாளின் அடியில் முழு நிறுவனப் பெயர், ஜிஎம்பிஹெச் (நம்மூர் பிரைவேட் லிமிடெட் போன்றது) போன்ற சட்ட வடிவம், ஊர், பதிவு எண் இருக்கும், அதை நீங்கள் வேலை கொடுத்த ஆளோடு ஒப்பிடுங்கள். ஜிஎம்பிஹெச் என்றால் ஹாண்டல்ஸ்ரெகிஸ்டர் என்ற நிறுவனப் பதிவேட்டின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம், தேடும்போது ஊரையும் போடுங்கள். சிறு கைத்தொழிலாளர் அதில் இல்லாமல் இருப்பது சகஜம். பணம் அனுப்பும்போது பில் எண்ணை 'ஃபெர்வெண்டுங்ஸ்ட்ஸ்வெக்' (எதற்கான பணம்) கட்டத்தில் அப்படியே எழுதுங்கள், இல்லாவிட்டால் கட்டிய பணத்துக்கே நினைவூட்டல் கடிதம் வரும். 2025 அக்டோபர் 9 முதல், பணம் பெறுபவரின் பெயரையும் ஐபான் என்ற கணக்கு எண்ணையும் பாங்க் ஒப்பிட்டுச் சொல்கிறது. 'கிட்டத்தட்டப் பொருந்துகிறது' என்று வந்தால் எழுத்து வித்தியாசமாக இருக்கலாம். 'பொருந்தவில்லை' என்று வந்தால் நிறுத்திவிட்டு, பழைய பில்லிலோ கடைப் பலகையிலோ இருக்கும் எண்ணில் கேளுங்கள். அந்த பில்லிலேயே அச்சிட்டிருக்கும் எண்ணில் கேட்காதீர்கள்.

அலுவலகப் பேச்சில் கால்பந்து வந்தால் இரண்டு முல்லர்கள். கெர்ட் முல்லர் 1974 உலகக் கோப்பை இறுதியில் நெதர்லாந்துக்கு எதிராக வெற்றி கோல் போட்டவர், ஜெர்மன் லீக்கான பூண்டெஸ்லீகாவில் 365 கோல். தாமஸ் முல்லர் 2010இல் தங்கக் காலணி வாங்கி 2014இல் கோப்பை வென்றவர். இருவரும் பயர்ன் மியூனிக்கில் ஆடியவர்கள், உறவினர் அல்ல. 2009இல் இலக்கிய நோபல் பெற்ற ஹெர்டா முல்லர் ருமேனியாவில் பிறந்து 1987இல் மேற்கு ஜெர்மனிக்குக் குடிவந்தவர்.

சென்னையில் ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மன் தேர்வு எழுதிவிட்டு வந்தவர்களுக்கு நன்கு தெரிந்த முல்லர், டெஸாவில் பிறந்து ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர். இந்தியாவைக் கண்ணால் பார்க்காமலே 1900இல் ஆக்ஸ்ஃபோர்டில் இறந்தவர். ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோதே இன்ஸ்டிடூட்டை அவர் பெயரில் 'பவன்' என்று சொல்வது இந்தியாவில் மட்டும்தான். வெளிநாட்டவர் அலுவலகத்தில் சான்றிதழை நீட்டும்போது "மாக்ஸ் முல்லர் பவன்" என்றால் அதிகாரிக்குப் புரியாது, "கோதே இன்ஸ்டிடூட்" என்று சொல்லுங்கள்.